தீமைகள் பத்தியில் உன் பெயர்

அன்பு மச்சான் குணாளனுக்கு,

மாரிமுத்துவின் மகன் குணசேகரன் எழுதுகிறேன். நான் யார் என்று உனக்குச் சொல்ல வேண்டியதில்லை; இதைப் படிக்கப்போகும் மற்றவர்களுக்குச் சொல்ல வேண்டும். ஒரே தேயிலைத் தோட்டத்தில், ஒரே லயன் வீட்டு வரிசையில் வளர்ந்தோம். ஒரே ஆண்டில் தலைநகரத்துப் பெரிய அரசாங்கப் பல்கலைக்கழகத்துக்குப் போனோம். நான் பட்டத்தோடு திரும்பினேன். நீ ஓர் ஆண்டு முடிவதற்குள் பெட்டியோடு திரும்பினாய். பிறகு என் தங்கை பார்வதியைக் கட்டினாய். நீ ஏன் பாதியில் திரும்பினாய் என்பதைச் சரியாக எழுதி வைப்பதே இந்தக் கடிதத்தின் நோக்கம். முப்பது ஆண்டுகளாக அது தவறாகச் சொல்லப்பட்டு வருகிறது.

உன் மூன்றாம் ஆண்டு நினைவு நாளுக்குப் பத்திரிகையில் உன் படத்தைப் போட வேண்டும், கீழே நான்கு வரி எழுதித் தாருங்கள் என்று தங்கை கேட்டாள். "நல்ல தமிழ்ல எழுதுங்கண்ணே. நம்ம வீட்ல நீங்கதான் படிச்சவரு" என்றாள். அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை இப்படி நீளமாக எழுத வைக்கிறது.

முதலில் வீட்டுச் செய்தி. உன் மகள் யாழினி, பல்கலைக்கழக நுழைவுக்கான எஸ்.டி.பி.எம். தேர்வில் நன்றாகச் செய்திருக்கிறாள். நாம் போன அதே பல்கலைக்கழகம் அவளுக்கு இடம் கொடுத்திருக்கிறது. வரும் செவ்வாய் மாலை ஐந்து மணிக்குள் கணினியில் ஏற்றுக்கொள்ள வேண்டும். தவறினால் இடம் போய்விடும். இன்னொரு பக்கம் ஈப்போவில் ஒரு தனியார் கல்லூரி அவளை விடாமல் அழைக்கிறது. அங்கிருந்து ஒரு பெண் தினமும் கைப்பேசியில் பேசுகிறாள். முகம் பார்த்திராத பிள்ளையை "டியர்" என்கிறாள். வகுப்புக்கு முப்பது பேர்தான், ஒவ்வொருவரையும் பெயர் சொல்லி அழைப்போம் என்கிறாள். பெயர் சொல்லி அழைப்பதையே ஒரு கல்வித் தகுதியாக விற்கும் காலம் வந்துவிட்டது, மச்சான்.

நேற்று யாழினி ஒரு நோட்டுப் புத்தகத்தோடு தோட்ட ஆபீசுக்கு வந்தாள். பக்கத்தின் நடுவே கோடு கிழித்து, ஒரு பக்கம் "நன்மைகள்", மறு பக்கம் "தீமைகள்" என்று தலைப்பிட்டிருந்தாள். தமிழ்ப்பள்ளியில் தொலைக்காட்சியின் நன்மை தீமை, கைப்பேசியின் நன்மை தீமை என்று கட்டுரை எழுதியே வளர்ந்த பிள்ளை வேறு எப்படி யோசிக்கும்? பெரிய பல்கலைக்கழகத்துக்குப் போவதைப் பற்றி அவளுக்குத் தோன்றியதை எல்லாம் எழுதியிருந்தாள். "மாமா, நீங்க அங்க படிச்சவரு. விட்டுப்போனத எழுதிக் குடுங்க" என்றாள்.

தீமைகள் பத்தியை நிரப்ப எனக்கு இன்னொரு நோட்டு வேண்டியிருக்கும். அந்த இடத்தின் மேல் எனக்கு மரியாதை கிடையாது என்பது உனக்குத் தெரியும். முதல் வாரம் நம்மை ஒரு பெரிய மண்டபத்தில் உட்கார வைத்து, நாம் எல்லோரும் ஒரே குடும்பம் என்று பாட வைத்தார்கள். அடுத்த வாரமே அந்தக் குடும்பம் நம்மை எண்ணைச் சொல்லிக் கூப்பிட்டது. நானூறு பேர் அமரும் விரிவுரை மண்டபத்தில் ஒலிபெருக்கியின் சத்தம் பத்தாவது வரிசையோடு நின்றுவிடும். பேராசிரியர் தமது தாளைத் திரையில் காட்டிவிட்டு, அதில் உள்ளதையே நமக்கு முதுகைக் காட்டிக்கொண்டு வாசிப்பார். மூன்று ஆண்டுகளில் அவர் என்னிடம் நேராகப் பேசியது ஒரே ஒரு முறை. கதவைச் சாத்தச் சொன்னார்.

வருகைத் தாள் மட்டும் எல்லோருடைய கைக்கும் வரும். வராதவர்களுக்கும் கூட்டாளிகளே கையெழுத்துப் போட்டுவிடுவார்கள்; மண்டபத்தில் நூறு பேர் இருப்பார்கள், தாளில் நானூறு பேரும் இருப்பார்கள். அந்தப் பொய்யைத் துளை போட்டு, நூல் கோத்து, கோப்பில் பத்திரமாக வைத்துக்கொண்டார்கள். இங்கே வேலைக்கு ஆள் எடுக்கும் காலைப் பெரட்டில் நான் பெயர் கூப்பிடும்போது ஓர் ஆள் இல்லையென்றால், கங்காணி அவன் வீட்டுக்கே போய் என்ன ஏதென்று பார்த்துவிட்டு வருகிறார். ஒரு தேயிலைத் தோட்டத்துக்கு இருக்கும் அந்தச் சிறிய அக்கறை, உலகத் தரம் என்று வாசலில் எழுதி வைத்திருந்த அந்தக் கூடத்துக்கு இல்லை. இப்போது நம் மலைச்சரிவுகளில் இருவர் பிடித்து நடக்கும் வெட்டு மிஷின் வந்துவிட்டது. கொழுந்து எது, முற்றல் எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் ஒரே உயரத்தில் மழித்துக்கொண்டு போகும். அதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த மண்டபத்தின் நினைவு வரும்.

நன்மைகளை மறைப்பது நேர்மையாகாது. நூலகம் இருந்தது, அங்கே காலை முதல் மாலை வரை உட்கார்ந்திருந்தாலும் எழுந்து போ என்று யாரும் சொல்லவில்லை. நீ எந்தத் தோட்டம், எந்த லயன், உன் அப்பா மருந்தடிக்கிறவரா என்று யாரும் கேட்கவில்லை. அது அவர்களுடைய நாகரிகமல்ல, அலட்சியம். ஆனாலும் பிறந்தது முதல் துரையின் காருக்கு ஒதுங்கி நின்று பழகிய நமக்கு அந்த அலட்சியமே இனித்தது. நம் பிள்ளைகளின் கைக்கு எட்டும் கட்டணம் வாங்கும் பெரிய கல்விக்கூடம் அதைப் போன்றது ஒன்றுதான். நான் இன்று பெரிய கிராணியாக, இந்தத் தோட்ட ஆபீசின் தலைமை நாற்காலியில் உட்கார்ந்திருப்பதும் அங்கே வாங்கிய தாளால்தான். இதையெல்லாம் நன்மைகள் பக்கத்தில் எழுதப் பேனாவைத் திறந்தேன்.

அப்போதுதான் அவள் எழுதியிருந்த தீமைகளைப் படித்தேன். வீட்டிலிருந்து தூரம். கூட்டம் அதிகம். அம்மா தனியாக இருப்பார். நான்காவது வரியில் இப்படி இருந்தது: அப்பாவாலேயே முடியவில்லை.

இது என்ன என்று கேட்டேன். "சும்மா எழுதுனேன் மாமா" என்றாள். பிறகு சும்மா இல்லை என்பதையும் அவளே சொன்னாள். "அப்பா ஸ்கூல்ல எப்பவும் முதலாவதுன்னு எல்லாரும் சொல்றாங்க. அவருக்கே அங்க படிப்பு மண்டையில ஏறலன்னா, நான் எந்த மூலைக்கு?"

படிப்பு மண்டையில் ஏறவில்லை. அது உன்னுடைய வாக்கியம், மச்சான். உன் கல்யாணத்தில் என் சித்தப்பாக்கள் உன்னைச் சுற்றி நின்று, யுனிவர்சிட்டியை ஏன் விட்டாய் மாப்பிள்ளை, அங்கே ஏதாவது பெண் விவகாரமா என்று சீண்டினார்கள். நீ அதைத்தான் சொன்னாய். எல்லோரும் சிரித்தார்கள். நீ என்னைப் பார்த்துச் சிரித்தாய். அன்று முதல் ரிங்லெட்டிலிருந்து கம்போங் ராஜா வரை நம் சொந்தக்காரர்கள் அத்தனை பேருக்கும் அதுவே வரலாறு.

யாழினியின் நோட்டை வாங்கி வைத்துக்கொண்டு, திங்கட்கிழமை தருகிறேன் என்று சொல்லி அவளை அனுப்பிவிட்டேன். இன்று ஞாயிறு. ஆபீசில் யாரும் இல்லை, வெளியே மழை. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

முதலாண்டு இரண்டாம் பருவத்தில், பூச்சிமருந்துப் பம்பை முதுகில் கட்டிக்கொண்டு சரிவில் இறங்கிய உன் அப்பா வழுக்கி விழுந்தார். இடுப்பெலும்பு உடைந்தது. வீட்டில் வேலைக்குப் போகும் ஆள் ஒருவராவது இல்லையென்றால் லயன் வீட்டைக் காலி செய்ய வேண்டும் என்பது அன்றைய தோட்டத்து விதி. நீ ஊருக்குப் போய் அந்தப் பம்பை உன் முதுகில் கட்டிக்கொண்டாய். அவர் விழுந்த ஐந்தாவது நாள் ரிங்லெட் பொதுத் தொலைபேசியிலிருந்து விடுதிக்குக் கூப்பிட்டாய்.

"சேகரு, ஆறு வாரம்தான்லா. அப்பா எந்திரிச்சிருவாரு. தாள் வந்தா என் கட்டத்துலயும் ஒண்ணு கிறுக்கி விட்ரு. உன் பேருக்கு நேர் மேலதானடா என் பேரு இருக்கு."

"அது பொய்க் கையெழுத்து."

"எல்லாப் பயலும் போடுறான்."

"நான் போட மாட்டேன்."

நீ இன்னொரு காசைப் போடும் சத்தம் கேட்டது. பிறகு, "சரி விடுலா. நீ சட்டத்தப் பாரு, எனக்குச் சில்லறை முடியுது" என்று வைத்துவிட்டாய். அடுத்த ஆறு வாரமும் ஒவ்வொரு தாளிலும் உன் காலிக் கட்டத்துக்குக் கீழே நான் கையெழுத்திட்டேன்.

வருகை குறைவு என்பதால் தேர்வு எழுதத் தடை செய்யப்பட்டவர்களின் பட்டியல் அறிவிப்புப் பலகையில் வந்தது. நீ ஆஸ்பத்திரிக் கடிதத்தைப் பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு பஸ்சில் வந்தாய். அலுவலகத்தில் முதல் கவுண்டரில் இரண்டாவதுக்குப் போகச் சொன்னார்கள், இரண்டாவதில் மூன்றாவதுக்கு. அங்கே இருந்தவர் சாம்பல் நிற மாணவர் கையேட்டைப் புரட்டி ஒரு பத்தியைக் காட்டினார். குடும்பத்தில் அவசரம் நேர்ந்தால் பதினான்கு நாளுக்குள் படிவத்தோடு ஆஸ்பத்திரிக் கடிதத்தைக் கொடுக்க வேண்டும். கொடுத்திருந்தால் வராத நாள்கள் மன்னிக்கப்பட்டிருக்கும். காலம் கடந்துவிட்டது என்றார். அதைச் சொல்லும்போது அவர் உன் முகத்தைக்கூடப் பார்க்கவில்லை, முத்திரை மையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அத்தோடு உன் படிப்பு முடிந்தது. வெளியே வந்து படிக்கட்டில் உட்கார்ந்தோம். "இந்தப் பொஸ்தகத்த எவன்டா படிப்பான்?" என்று கேட்டாய். "யாரும் படிக்க மாட்டாங்க" என்றேன்.

நான் படித்திருந்தேன், மச்சான். முதல் வாரமே, முன்னட்டை முதல் பின்னட்டை வரை. நீ தொலைபேசியில் கேட்டபோதே அந்த விதி எனக்குத் தெரியும். படிவம் எந்த அறையில் கிடைக்கும் என்பதும் தெரியும். இன்னும் ஒன்பது நாள் மீதி இருந்தது.

இது உனக்கும் தெரியாது. நான் கையெழுத்துப் போடாததை மட்டும்தான் நீ அறிவாய். அதையும் யாரிடமும் சொல்லாமல் ஒரு வேடிக்கையாக மாற்றிக்கொண்டாய். தோட்டத்துத் தேயிலை லோரியை ஓட்டத் தொடங்கிய பிறகு, பெரட்டு நேரத்தில் என் மேசைக்கு முன்னால் வேகத்தைக் குறைத்து, "கிராணியாரே, என் பேருக்கும் ஒரு கையெழுத்துப் போட்டாச்சா?" என்று கத்துவாய். ஆட்கள் சிரிப்பார்கள். எத்தனை ஆண்டுகள், எத்தனை காலைகள். ஒரு நாளாவது உன்னை நிறுத்திச் சொல்லியிருக்கலாம். மூன்று ஆண்டுகளுக்கு முன்பு தாப்பா மலைப்பாதையில் லோரியை ஓரமாக நிறுத்திவிட்டு, ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்த நீ பிறகு எழுந்திருக்கவே இல்லை. நான் சொல்வதற்கு இருந்த அவகாசமும் அன்றோடு முடிந்தது.

ஏன் சொல்லவில்லை? பொய் சொல்லும்படி என்னைக் கேட்டாயே என்ற கோபம் என்று நெடுநாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அது பாதிதான். பள்ளிக்கூடம் தொட்டு எல்லாவற்றிலும் நீ முதல், நான் இரண்டாவது. நீ தவறான பக்கத்திலும் நான் சரியான பக்கத்திலும் நின்றது அன்றுதான் முதல் முறை. அந்த இடத்தைவிட்டு இறங்க எனக்கு மனம் வரவில்லை. பொய்க் கையெழுத்து போடாதது சரி. இன்றும் அப்படித்தான் சொல்வேன். விதியை மதிக்கிறவன் என்றால் அந்த விதியை உன்னிடம் சொல்லியிருக்க வேண்டும். எனக்குச் சாதகமான விதியை மட்டும் மதித்தவன் நான்.

அந்தப் பல்கலைக்கழகத்தை இவ்வளவு இகழ்ந்துவிட்டு இதையும் எழுதித்தான் ஆக வேண்டும். அங்கே இருந்தவர்களுக்கு நீ யார் என்று தெரியாது. எனக்குத் தெரியும். அவ்வளவு பெரிய இடத்தில் ஒருவனுக்கு வழி சொல்லக்கூடியவன் பக்கத்து இருக்கைக்காரன் ஒருவன்தான். உன் பக்கத்து இருக்கையில் நான் இருந்தேன்.

நாளைக் காலை பெரட்டு முடிந்ததும் உன் வீட்டுக்குப் போவேன். பார்வதியையும் யாழினியையும் உட்கார வைத்து, இங்கே எழுதியதை வாயால் சொல்வேன். அவர்கள் கேட்ட பிறகுதான் இது பத்திரிகைக்குப் போகும். தங்கை என்னை வாசலோடு நிறுத்தினால் நின்றுகொள்வேன். அது அவள் உரிமை. ஈப்போவா, தலைநகரமா என்பதில் நான் வாய் திறக்க மாட்டேன். யாழினியின் அப்பனுக்கு மூளை இல்லாமல் போகவில்லை என்பது தெரிந்த பிறகு அவளே முடிவு செய்யட்டும். எங்கே போனாலும் அந்த இடத்தின் கையேட்டை முழுதாகப் படித்து, அதிலுள்ள ஒவ்வொரு விதியையும், அவள் கேட்டாலும் கேட்காவிட்டாலும், என்னோடு பேசினாலும் பேசாவிட்டாலும், அவளிடம் சொல்லிவிடுவேன்.

இப்படிக்கு,
உன் மனைவியின் அண்ணன், உன் மகளின் தாய்மாமன்,
குணசேகரன்