தனுஷ்கோடிக்குப் பதினெட்டாயிரம்

தெள்ளார்
12-1-2025

செல்வி அப்பாவுக்கு,

கலைமகள் எழுதுவது. ஆறு வருடத்துக்குப் பிறகு என் கையெழுத்தைப் பார்த்து யாருக்கு என்னவோ என்று பதற வேண்டாம். எல்லோரும் சுகம். உங்கள் நம்பர் என் போனில் இல்லை. இருந்து பேசினாலும் மூன்றாவது நிமிடத்தில் சண்டைதான் வரும். அதனால் எழுதுகிறேன்.

நம் மகள் செல்விக்கு மஸ்கட்டில் நர்ஸ் வேலை உறுதியாகிவிட்டது. ஜூன் பத்தாம் தேதி விமானம். போன ஞாயிறு இங்கே வந்திருந்தாள். போகும்முன் என்ன வேண்டும் என்று கேட்டேன். “நகை வேணாம், புடவை வேணாம்மா. மூணு பேரும் ஒரே வண்டியில தனுஷ்கோடி போய்ட்டு வரணும்” என்றாள். பஸ்ஸில் போகலாமே என்றால், “பஸ்ல ஆளுக்கொரு பக்கம் மூஞ்ச திருப்பிகினு உக்காந்துப்பீங்க” என்கிறாள்.

வாடகைக் காருக்கு விசாரித்தேன். வண்டிக்கு மட்டுமே இருபதாயிரத்துக்கு மேல் கேட்கிறார்கள். சத்துணவுக்கூடத்துச் சம்பளத்தில் அது ஆகாது. வேறு வழி இருந்தால் எழுதுங்கள். இல்லையென்றால் நீங்களே அவளிடம் சொல்லிவிடுங்கள்.

இப்படிக்கு,
கலைமகள்

ஆரணி
20-1-2025

கலைமகளுக்கு,

நான் தறியில் இருக்கும்போது தபால்காரர் வந்தார். தறியை நிறுத்திவிட்டுப் படித்தேன்.

வாடகை வேண்டாம். நான் சேலை நெய்து கொடுக்கும் முதலாளி தனக்கோடி தன் பழைய ஆம்னியைத் தருகிறார். “பெட்ரோல் போட்டுக்கோ, ஆயில் மாத்திக் குடு, வேற ஒண்ணும் வேணாம்” என்றார். நான்தான் ஓட்டுவேன்.

போக வர ஆயிரத்து நூறு கிலோமீட்டர். பெட்ரோல் ஏழாயிரத்து ஐந்நூறு. ஆயிலும் டோல்கேட்டும் மூவாயிரம். ராமேஸ்வரத்தில் இரண்டு ராத்திரி தங்க இரண்டாயிரம். சாப்பாடு நாலாயிரம். டயர் கியர் போனால் என்று ஆயிரத்து ஐந்நூறு. ஆக, பதினெட்டாயிரம். ஆளுக்குப் பாதி. செல்வியிடம் ஒரு பைசா வாங்கக் கூடாது.

மாதம் ஒரு சேலை கூடுதலாக நெய்கிறேன். ஓட்டல் பரோட்டாவை விட்டுவிட்டேன். வீட்டில் சோறு வடிக்கிறேன். முதல் நாள் கஞ்சியோடு பாதிச் சோறும் போய்விட்டது. இப்போது பரவாயில்லை.

பொன்னுசாமி

தெள்ளார்
2-3-2025

செல்வி அப்பாவுக்கு,

ரவிக்கை தைத்து நாலாயிரத்து ஐந்நூறு சேர்த்துவிட்டேன். புளிசாதமும் எலுமிச்சை சாதமும் கட்டிக்கொண்டால் சாப்பாட்டுச் செலவு பாதியாகும். ஊறுகாய் நான் போட்டு எடுத்து வருகிறேன்.

நீங்கள்தான் ஓட்டுவீர்கள் என்று எழுதியிருந்தீர்கள். அந்த வரிக்குப் பிறகு ஐந்து வாரம் எனக்குப் பேனா ஓடவில்லை. ஆறு வருடம் முன்பு நாம் இருவரும் திருப்பதியிலிருந்து திரும்பும்போது வேகத்தைக் குறையுங்கள் என்றேன். ராணிப்பேட்டை பைபாஸில் வண்டியை ஓரம் கட்டி, “எறங்குடி” என்றீர்கள். இறங்கினேன். விளையாட்டுக்கு என்று நினைத்தேன். நீங்கள் போய்விட்டீர்கள். ஆற்காடு வரை நடந்தேன். அங்கே பஸ் ஏறியவள் ஆரணியில் இறங்கவில்லை. தெள்ளாரில் தம்பி வீட்டில் வந்து இறங்கினேன்.

நமக்குள் சண்டை என்று மட்டும்தான் செல்விக்குத் தெரியும். அது போதும். அவளுக்காக ஏறுகிறேன். ஆனால் பயந்துகொண்டு ஏறுகிறேன் என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

கலைமகள்

ஆரணி
16-3-2025

கலைமகளுக்கு,

அன்றைக்கு ஐந்து கிலோமீட்டர் போய்விட்டுத் திரும்பி வந்தேன். நீ இல்லை. இதை நான் உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் மன்னிப்புக் கேட்கிற மாதிரி ஆகிவிடும் என்று இருந்தேன். கேட்டிருக்கலாம்.

சனி, ஞாயிறு என்றால் அறை வாடகை இரண்டு மடங்காம். மே 13 செவ்வாய்க்கிழமை கிளம்பலாமா? சத்திரத்துக்கு முன்பணம் கட்ட வேண்டும்.

பொன்னுசாமி

தெள்ளார்
27-4-2025

செல்வி அப்பாவுக்கு,

செவ்வாய்க்கிழமையே சரி. பள்ளியும் லீவு. என் பங்கு ஒன்பதாயிரத்தைச் செல்வியிடம் கொடுத்துவிட்டேன். உங்களுடையதையும் அவளிடமே கொடுங்கள், அவளே செலவு செய்யட்டும். காலை ஐந்து மணிக்குத் தெள்ளார் பஸ் ஸ்டாண்டில் நிற்பேன். நான் பின் சீட்டில் உட்கார்ந்துகொள்கிறேன்.

கலைமகள்

ஆரணி
22-5-2025

கலைமகளுக்கு,

தனுஷ்கோடி போய் வந்த வண்டியைக் கழுவி முதலாளி தனக்கோடியிடம் விட்டுவிட்டேன். செலவு போக ஆயிரத்து அறுநூற்றைம்பது மிச்சம் என்றாள் செல்வி. அவளையே வைத்துக்கொள்ளச் சொன்னேன். நீயும் அதைத்தான் சொல்லியிருப்பாய்.

போகும்போது தொண்டிப் பக்கம் நான் வழி தவறியதைப் பற்றி எழுத வேண்டும். நாற்பது கிலோமீட்டர் வீண். “ராமேஸ்வரம் போர்டு அப்பவே போச்சுன்னு சொன்னேனே” என்றாய். நீ சொன்னது சரிதான். எனக்குத்தான் ஆத்திரம் வந்து வண்டியை ஓரம் கட்டினேன். அந்த வார்த்தை நாக்கு வரை வந்துவிட்டது. சாவியைச் செல்வி மடியில் போட்டுவிட்டு நானே இறங்கி நடந்தேன். முக்கால் மணி நேரம் எங்கே போனேன் என்று நீங்கள் இரண்டு பேரும் கேட்கவில்லை.

பனைமரத்தடியில் ஒருவர் நுங்கு வெட்டிக்கொண்டிருந்தார். “என்னண்ணே, வண்டி பழுதா?” என்றார். “வண்டி நல்லாத்தான் கீது. நான்தான் ரிப்பேரு” என்றேன். அவர் சிரிக்கவில்லை. பக்கத்தில் உட்காரச் சொன்னார். கோபம் அடங்கிய பிறகுதான் நுங்கை வாங்கிக்கொண்டு வந்தேன். நீ சாப்பிட்டாய். கண்ணாடியில் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

செல்வியும் போய்விடுவாள். இரண்டு இடத்தில் இரண்டு அடுப்பு எதற்கு? வீட்டுக்கு வந்துவிடு கலை. நான் மாறியிருக்கிறேன் என்பதை நீயே பார்த்தாய்.

பொன்னுசாமி

தெள்ளார்
1-6-2025

அன்புள்ள செல்வி அப்பாவுக்கு,

நுங்கு நன்றாக இருந்தது. எங்களை இறக்கிவிடாமல் நீங்கள் இறங்கிப் போனீர்கள். அது உங்களுக்கு எவ்வளவு கஷ்டம் என்று எனக்குத் தெரியும். இருபது வருடம் உங்களோடு இருந்தவள் நான். ராணிப்பேட்டையைப் பற்றி இனி ஒரு வார்த்தை பேச மாட்டேன்.

ஆனால் ஒன்று. வண்டி ஓரம் போனதும், நீங்கள் வாயே திறக்கவில்லை, அதற்குள் நான் பையை எடுத்து மடியில் வைத்துவிட்டேன். கழற்றிப் போட்டிருந்த செருப்பைக் கால் தானாக மாட்டிக்கொண்டது. “ஏம்மா செருப்ப மாட்டுற?” என்று செல்வி கேட்டாள். கால் மரத்துப்போச்சு என்றேன். நம்பவில்லை. ராத்திரி சத்திரத்தில் என் பக்கத்தில் படுத்துக்கொண்டு எல்லாவற்றையும் கேட்டாள். சொல்லிவிட்டேன். அழுதாள். உங்களை வெறுக்கவில்லை. “அப்பா எறங்கிப் போனாரேம்மா” என்றும் அவள்தான் சொன்னாள்.

நீங்கள் மாறியிருக்கிறீர்கள். நான் கண்ணால் பார்த்தேன். என் கால் இன்னும் மாறவில்லை. அதற்கு எத்தனை வருடம் ஆகும் என்று தெரியாமல் ஆரணிக்கு வந்து, நீங்கள் குரலை உயர்த்தும்போதெல்லாம் செருப்பைத் தேடிக்கொண்டிருக்க என்னால் முடியாது. இங்கே கதவைச் சாத்தினால் தூங்குகிறேன். அதனால் வரவில்லை. கோபத்தில் எழுதவில்லை. இரண்டு தடவை எழுதிக் கிழித்துவிட்டு, மூன்றாவது தடவை எழுதுகிறேன்.

பத்தாம் தேதி செல்வியை நீங்களே சென்னைக்கு அழைத்துப் போங்கள். அப்பாவோடுதான் போவேன் என்று அவளும் சொல்கிறாள். நான் இங்கிருந்து நேரே பஸ்ஸில் வந்துவிடுகிறேன். விமான நிலைய வாசலில் பார்ப்போம். அவள் உள்ளே போகும்வரை நின்றுவிட்டு, ஒரு டீ குடிக்கலாம். அப்புறம் அவரவர் பஸ்.

இப்படிக்கு,
கலைமகள்