நம் ஷெட்டுக்கு ஒரு வெல்டிங் மெஷின்

சிட்லபாக்கம்,
12-8-1978

கிறிஸ்துவுக்குள் பிரியமான மச்சான் சுந்தர்சிங்குக்கு, ஐசக் அத்தான் எழுதுவது.

ஆண்டவர் கிருபையால் நானும் உன் அக்கா ரத்தினபாயும் பிள்ளைகளும் சுகம். அந்தக் குளிர் தேசத்தில் நீயும் கிருபாவும் சளி காய்ச்சல் இல்லாமல் இருக்க ஜெபிக்கிறோம். அக்காவுக்கு முழங்கால் வலி தேவலாம். ஏரியில் தண்ணீர் இறங்கிவிட்டது. கிணற்றில் மட்டும் இன்னும் நாலு முழம் நிற்கிறது.

உன் கடிதம் வந்தது. கடிதம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். மொத்தம் அரைப் பக்கம், அதிலும் பாதி சம்பத்தைப் பற்றி. அதே வாரம் சம்பத்துக்கு நீ போட்ட கவரை அவன் உரக்கடையில் வைத்து எனக்குக் காட்டினான். நாலு பக்கக் கடிதம், கார் பாக்டரி வாசலில் நீ நிற்கிற போட்டோ, வழவழ தாளில் இரண்டு வெல்டிங் மெஷின்களின் கலர்ப் படம். அதை பிளாஸ்டிக் உறையில் போட்டு வைத்திருக்கிறான். ஆறாம் வகுப்பிலிருந்து உன்னோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்தவன்தான், இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நீ லண்டனுக்கு விமானம் ஏறிய அன்று மீனம்பாக்கத்தில் உன் பெட்டியைத் தூக்கியது யார் என்று யோசித்துப் பார்.

போகட்டும். நீ கேட்ட விஷயத்துக்கு வருகிறேன். டிசம்பரில் வரும்போது மிக் வெல்டிங் மெஷின் ஒன்று கொண்டுவருவதாக எழுதியிருக்கிறாய். (உன் அக்கா இதைப் பக்கத்து வீட்டுத் திரிபுரசுந்தரியிடம் பெருமையாகச் சொல்லிவைத்தாள். அந்த அம்மாளின் கணவர் ஏர்போர்ஸ் ஆசாமி. மிக் விமானத்தை எங்கே இறக்குவார்கள், ஏரியிலா என்று கேட்டாராம்.) "சம்பத் ரொம்ப நாளாகக் கேட்கிறான். நம் ஷெட்டில் வைக்க இரண்டில் எது சரிப்படும் என்று அத்தான்தான் பார்த்துச் சொல்ல வேண்டும்" என்பது உன் வாக்கியம்.

எது 'நம் ஷெட்'? போன மாதம் ராஜகீழ்ப்பாக்கத்தில் சம்பத் வீட்டுக்குக் கட்டை வண்டியில் சிமெண்ட் ஷீட்டுகள் போனதை நானும் பார்த்தேன். அங்கே புதிதாக ஒரு ஷெட் எழும்பியிருக்கிறதாம். அது அதற்குள் உனக்கும் அவனுக்கும் 'நம் ஷெட்' ஆகிவிட்டது. அறுபத்தொன்பதில் நாம் மூன்று பேரும் சேர்ந்து ராணுவ டிஸ்போசல் ஏலத்தில் எடுத்து ரிப்பேர் பார்த்துவந்த ஜீப், தார்ப்பாய் மூடி என் கொல்லையில்தான் நிற்கிறது. மெஷின் அங்கே போனால் ஜீப்பும் அங்கேதான் இழுக்கப்படும். எனக்குப் புரியாமல் இல்லை.

கேட்டதற்குப் பதில் சொல்வது என் கடமை. பள்ளிக்கூட லாபரட்டரி வோல்ட்மீட்டரை எடுத்துக்கொண்டு சம்பத் வீட்டுக்குப் போய் மாலை ஏழு மணிக்குப் பார்த்தேன். நூற்றெழுபது வோல்ட்டுக்கு மேல் ஏறவில்லை. வீட்டுக் கரண்டில் ஓடுகிற அந்தச் சின்ன மெஷின் இந்த வோல்டேஜில் ஒரு மாதம்கூடத் தாங்காது. ஆகவே பெரியதை வாங்கு. அதற்கு மில்லுக்குக் கொடுப்பது போல த்ரீ பேஸ் பவர் லைன் வேண்டும், சம்பத் வீட்டில் அது இல்லையே என்று கவலைப்படாதே. என் வீட்டுப் பின்கட்டில், முன்பிருந்தவர் மாவு மிஷின் ஓட்டிய ரூமில், அந்த லைன் இன்னும் உயிரோடு சும்மா கிடக்கிறது. பக்கத்து இலைக்குப் பாயசம் கேட்கிற ஆள் நான் இல்லை என்பது உனக்குத் தெரியும். இருப்பதைச் சொன்னேன்.

கேஸ் சிலிண்டருக்குக் கஷ்டமில்லை. சோடா கம்பெனிக்காரர்கள் வாங்குகிற அதே கேஸ்தான், கிண்டியில் கிடைக்கும். கம்பிச் சுருளை மட்டும் நிறையக் கொண்டு வா.

கிருபாவுக்கு எங்கள் அன்பு.

இப்படிக்கு,
உன்னையே நினைத்துக்கொண்டிருக்கும் அத்தான்,
ஐசக்


சிட்லபாக்கம்,
10-9-1978

பிரியமான மச்சானுக்கு, அநேக வாழ்த்துதல்.

பெரிய மெஷினையே வாங்குவதாக நீ எழுதியதைப் படித்துச் சந்தோஷம். அக்டோபர் கடைசியில் கப்பலில் ஏற்றுகிறேன், அதற்கு ஒரு வாரம் முன்னால்தான் கடைக்குப் போவேன் என்கிறாய். நல்லது. அனுபவஸ்தன் சொல்வதைக் கேட்கிற பிள்ளை நீ. ஆனால் துறைமுகத்தில் பெட்டியை எடுக்கிற வேலையை சம்பத்திடம் கொடுத்திருக்கிறாயே, அது ஏன்? எனக்கு பீச் ஸ்டேஷனுக்கு ரயில் ஏறத் தெரியாதா? சயின்ஸ் மாஸ்டருக்கு லீவு கிடைக்காது என்று நீயே முடிவு கட்டிவிட்டாய். உரக்கடைக்காரனுக்கு வருஷம் முழுக்க லீவு.

அவன் நடவடிக்கை எனக்குப் பிடிக்கவில்லை, சுந்தர். போன ஞாயிறு நாங்கள் கோயில் முடிந்து வீட்டுக்கு வந்தால் வாசலில் சைக்கிள். டேப்பை வைத்துக்கொண்டு மாவு மிஷின் ரூம் கதவை அளக்கிறான்! என்ன சம்பத் என்றால், "சும்மாண்ணா, அகலம் இன்னான்னு பாத்துகினு இருந்தேன்" என்கிறான். யாராவது சும்மா கதவை அளப்பார்களா? தன் ஷெட்டுக்கு அதே அளவில் கதவு போடப் பார்க்கிறான். பவர் லைனுக்கும் எழுதிப் போட்டிருப்பான். வசதி இருக்கிறவன், நினைத்தால் நடத்திவிடுவான். உன் அக்கா அவனுக்குக் காபி கொடுத்து, இட்லியும் வைத்து, அரை மணி நேரம் பேசிக்கொண்டிருந்தாள். நான் சட்டையைக்கூடக் கழற்றாமல் பேப்பர் படித்தேன்.

அன்றைக்கு எங்கள் சபை ஐயர் செய்த பிரசங்கம் பொறாமையைப் பற்றி. நன்றாகத்தான் பேசினார். இதைக் கேட்க வேண்டியவர்கள் கோயிலுக்கு வருவதில்லையே என்று நினைத்துக்கொண்டேன்.

நீ போன பிறகு சனிக்கிழமை என்றால் எனக்கு வீட்டில் வேலை இல்லை. முன்பு மூன்று பேரும் மத்தியானமே ஜீப்புக்கு அடியில் புகுந்தால் உன் அக்கா மூன்று தரம் கூப்பிட்ட பிறகுதான் சாப்பிட வருவோம். இப்போது தார்ப்பாயைத் தூக்கிப் பார்ப்பேன், மறுபடி மூடுவேன். தரைத் தகடு துருப்பிடித்துச் சல்லடையாகிவிட்டது. சாதாரண கேஸ் வெல்டிங் வைத்தால் தகடு நெளிகிறது, ராடு வைத்தால் ஓட்டை விழுகிறது. இதெல்லாம் உனக்குத் தெரிந்ததுதான். சம்பத்தும் எப்போதாவதுதான் வருகிறான். வந்தாலும் உன் கடிதத்தில் என்ன எழுதியிருந்தாய் என்றே பேசுகிறான், எனக்கு எழுதாத சங்கதிகளை அவன் வாயால் கேட்க வேண்டியிருக்கிறது. கிருபா முழுகாமல் இருக்கிறாள் என்பதை அவன் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அக்காவிடம் எனக்கு முன்பே தெரியும் என்று சொல்லிச் சமாளித்தேன்.

கிருபா பாரம் எதையும் தூக்க வேண்டாம். மெஷினை அட்டைப் பெட்டியில் வைக்காமல் மரப்பெட்டியில் ஆணியடித்து அனுப்பு.

உன் அத்தான்,
ஐசக்


சிட்லபாக்கம்,
15-10-1978

என் மச்சான் சுந்தருக்கு,

நேற்று தாம்பரம் தபாலாபீசிலிருந்து உனக்குத் தந்தி கொடுத்தேன். 'சின்னதை வாங்கு' என்பதுதான் அதன் மொத்தச் செய்தி. தந்தி வந்ததும் பதறியிருப்பாய். யாருக்கும் ஒன்றுமில்லை. அக்கா சுகம், பிள்ளைகள் சுகம். சுகமில்லாதவன் நான் ஒருவன்தான்.

நான் உனக்குப் பொய் எழுதினேன். சம்பத் வீட்டுக்கு வோல்ட்மீட்டர் கொண்டுபோகவே இல்லை. ராஜகீழ்ப்பாக்கம் பக்கமே தலைவைத்துப் படுக்கவில்லை. நூற்றெழுபது என்பது இந்த மேஜையில் உட்கார்ந்து நானாகப் போட்ட எண். பெரிய மெஷின் வந்தால் அவன் வீட்டில் ஓடாது, வேறு வழியில்லாமல் என் வீட்டுக்கு வரும், ஜீப்பும் என்னிடமே இருக்கும் என்று கணக்குப் போட்டேன். ஜீப்பின் தகடு மெல்லியது, பெரிய மெஷினைக் குறைத்து வைத்தாலும் அது ஓட்டை போடும், அதற்குச் சின்னதுதான் சரி என்று கலர்ப் படத்தைப் பார்த்த அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் எழுதினேன்.

போன செவ்வாய்க்கிழமை சரஸ்வதி பூஜை லீவு. சம்பத்தின் அம்மா கங்கையம்மாள் பொரியும் சுண்டலும் சாப்பிட எங்களைக் கூப்பிட்டிருந்தார். உன் அக்கா இழுத்துக்கொண்டு போனாள். எனக்கு அந்தப் புது ஷெட்டைப் பார்த்துவிட வேண்டும் என்ற அரிப்பு. சுண்டலைக் கையில் வைத்துக்கொண்டே பின்பக்கம் போனேன். சுந்தர், அது ஷெட் இல்லை. எருமைக் கொட்டகை. இரண்டு எருமைகள் நின்று என்னைப் பார்த்தன. இரண்டு மாதமாக நான் வயிறெரிந்தது அவற்றின் கூரையை நினைத்து.

பின்னாலேயே சம்பத் வந்தான். மெஷினை இதிலா வைக்கப் போகிறாய் என்று கேட்டேன். என் கேள்வியே அவனுக்கு விளங்கவில்லை. "இன்னாண்ணா, எரும கட்ற எடத்துல போயா வப்பாங்க? நம்ம ஷெட்டு கீதே, மாவு மிஷின் ரூமு. அதுக்குத்தானே கதவ அளந்தேன். பெட்டி நொழையுமான்னு" என்றான். முதலிலிருந்தே அவன் மனதிலும் உன் மனதிலும் 'நம் ஷெட்' என் வீட்டு ரூம்தான். எனக்கு வரவேண்டியதை எனக்கே வரவைக்க நான் பொய் சொல்லியிருக்கிறேன்.

வீட்டுக்கு வந்து உன் அக்காவிடம் உன் பழைய கடிதத்தைக் காட்டினேன். படித்துவிட்டு, "உங்களுக்கு எழுதுற லெட்டர்ல 'நம்'னு எழுதினா உங்களையும் சேத்துதானே? நீங்க இல்லன்னா 'எங்க'ன்னு எழுதியிருப்பான். இது தெரியாமலா வாத்தியார் வேல பாக்கறீங்க?" என்று கேட்டாள். இரண்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரிந்த இலக்கணம். பொறாமை பிடித்தவனுக்கு 'நம்' என்ற சொல்லிலேயே தன்னைக் காணோம்.

இதைவிடப் பெரிய அடி ஒன்று உண்டு, அதையும் சொல்லிவிடுகிறேன். கொட்டகையிலிருந்து திரும்பும்போது சம்பத் என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: "மீட்டர் வச்சி பாத்தீங்கன்னு சுந்தர் எழுதி இருந்தான். ஆமா, வந்து பாத்தாருன்னு நானும் எழுதிட்டேண்ணா. சின்னதே போதும்னுதான் எனக்கு தோணுச்சு. ஆனா அண்ணா சொன்னா எதுனா காரணம் இருக்கும்." அவ்வளவுதான். ஏன் என்று கேட்கவில்லை. நான் அவன் வீட்டு வாசல் மிதிக்கவில்லை என்று அவனைவிட யாருக்குத் தெரியும்? என் பொய்க்கு அவன் சாட்சிக் கையெழுத்துப் போட்டிருக்கிறான். மிச்சச் சுண்டலை அவன் கையில் கொடுத்துவிட்டு, உன் அக்காவைக் கூப்பிட்டுக்கொண்டு கிளம்பிவிட்டேன்.

உனக்கு நேராகவே எழுதுகிறேன். நீ போனதிலிருந்து எனக்குச் சம்பத் மேல் பொறாமை. அவன் பணத்தின் மேல் இல்லை, மெஷின் மேலும் இல்லை. நீ அவனுக்கு நாலு பக்கம் எழுதுகிறாய், எனக்கு அரைப் பக்கம் எழுதுகிறாய். அக்கா புருஷன் என்கிற மரியாதையில் எனக்கு எழுதுவதைச் சுருக்கிவிட்டாயோ என்னவோ. மரியாதை எனக்கு வேண்டாம், சுந்தர். அவனுக்கு எழுதுகிற மாதிரி எனக்கும் எழுது. குளிரைப் பற்றி எழுது, போர்மேன் திட்டியதை எழுது, பிள்ளை வயிற்றில் உதைப்பதை எழுது.

தந்தி கிடைப்பதற்குள் நீ பெரியதை வாங்கியிருந்தால் அதையே கொண்டு வா. முடிந்தால் மாற்று, முடியாவிட்டால் விடு. தகட்டில் ஓட்டை விழுந்தால் அது என் ஓட்டை, நான் ரிவெட் அடித்து மூடிக்கொள்வேன். சம்பத்திடம் மட்டும் நீ இதைப் பற்றி எழுதாதே. அவன் வாயை மூடிக்கொண்டு எனக்குக் கொடுத்த மன்னிப்பை நானேதான் அவனிடம் வாயைத் திறந்து வாங்கிக்கொள்ள வேண்டும். நீ வருவதற்குள் சொல்லிவிடுகிறேன். தைரியம் வர எனக்காக ஜெபி.

கிருபாவுக்கு ஆண்டவர் சுகப்பிரசவம் தந்து காப்பாராக. உன்னையும் பெட்டியையும் பத்திரமாகக் கரைசேர்ப்பாராக.

ஒரே ஒரு விண்ணப்பம். மெஷினோடு வெல்டிங் முகமூடி ஒன்றுதான் வரும் என்று எழுதியிருந்தாய். இன்னொன்று வாங்க அலையாதே. அந்த ஒன்றைச் சம்பத் போட்டுக்கொள்ளட்டும், முதல் வெல்டிங்கை அவனே வைக்கட்டும். தகட்டை அசையாமல் பிடிக்க ஒரு ஆள் வேண்டும் அல்லவா, நான் கண்ணை மூடிக்கொண்டு பிடித்துக்கொள்கிறேன்.

உன் அத்தான்,
ஐசக்