ரெண்டு காணும்

ஏழாலை,
கார்த்திகை மாதம், மழை நாள்.

அன்பு மகள் தர்சினிக்கு அம்மா எழுதுவது. நீயும் மருமகனும் சின்னவளும் அந்தக் குளிருக்குள் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டுமென்று பிள்ளையாரைக் கும்பிட்டுவிட்டுத்தான் பேனையை எடுத்தேன். நாங்களும் இங்கு நலம் என்று அடுத்த வரியை எழுதுவதுதான் வழக்கம், இந்தமுறை அதை எழுதக் கை வரவில்லை பிள்ளை, விட்டுவிட்டேன். போன் இருக்க அம்மாவுக்கு என்ன கடிதம் வேண்டிக்கிடக்கு என்று நீ கேட்பாய். போனில் கதைத்தால் அப்பாவுக்குக் கேட்கும். கை, கால், நாக்கு எல்லாம் போனாலும் காது மட்டும் முந்தியிலும் பார்க்கக் கூர்மை, குசினிக்குள் நான் மூக்கை உறிஞ்சினாலே அவருடைய கண் இந்தப் பக்கம் திரும்பும். கிணற்றடிக்குப் போய்க் கதைக்கலாமென்றால் அங்கே சிக்னல் இல்லை, மழையும் விட்டபாடில்லை. உன்னோடு படித்த உதயகலா விடுமுறை முடிந்து நோர்வேக்குத் திரும்புகிறாள், அவளிடம் கொடுத்துவிடுகிறேன். ஒருதரம் இருந்து ஆறுதலாக வாசி. வேலைக்குப் போகிற அவசரத்தில் வாசிக்காதே.

ஊர்ப் புதினம் பெரிதாக ஒன்றுமில்லை. வெங்காயம் நட்டவர்களின் பாத்தியெல்லாம் தண்ணீருக்குள் நிற்கிறது, சுன்னாகம் சந்தைக்குப் போனால் மரக்கறி விலை கேட்கவே பயமாக இருக்கிறது. சின்னவளுக்கு இருமல் என்றாய், மல்லி அவித்துக் கொடு, அங்கே கொடுக்கிற மருந்தை மட்டும் நம்பி இராதே. இனி நான் சொல்ல வந்ததைச் சொல்லுகிறேன், எங்கே தொடங்குவது என்று தெரியாமல்தான் வெங்காயக் கதை கதைத்தேன்.

நீ அனுப்பிய அந்தக் கண் பார்க்கிற கருவியால்தான் இவ்வளவு காலமும் இந்த வீட்டில் அப்பாவின் பேச்சு இருந்தது, அதற்கு உனக்குப் புண்ணியம் கிடைக்கும். அவர் திரையில் ஒவ்வொரு எழுத்தாகப் பார்க்க, கொம்பியூட்டர் அதைச் சொல்லாக்கி வாய்விட்டுச் சொல்லும். குரல்தான் இந்தியக் குரல், அவர் ஓம் என்று சொன்னால் அது பூசைக்கு இருந்தது போல இழுக்கும், நாங்கள் சிரிப்போம், அப்பாவின் கண்ணும் சிரிக்கும். அந்த மென்பொருள்காரப் பெடியன் ஒருநாள் சென்னையிலிருந்து கதைத்தபோது அப்பா காணும் என்று சொல்ல, அவன் பதறிப்போய் என்ன சார் காணோம், என்ன சார் காணோம் என்று தேடத் தொடங்கிவிட்டான். எங்களுக்குக் காணும் என்றால் போதும் என்று அவனுக்கு விளங்கப்படுத்த நான் பட்ட பாடு! ஆனால் எங்கள் கொம்பியூட்டர் பழசு, சரியான மந்தம். இன்றைக்குக் கேட்டால் நாளைக்குச் சொல்லும் என்கிற மாதிரி. அப்பா ஒன்றைச் சொல்லி முடித்து, திரையில் அந்த வட்டம் சுற்றிச் சுற்றி நிற்க, நாங்கள் அடுத்த கதைக்குப் போய்விடுவோம், அதற்குப் பிறகுதான் குரல் வரும். கோயில் சபைக்காரர் வந்து திருவிழா உபயத்துக்கு ஐயாவின் பெயரைப் போடவோ என்று பவ்வியமாகக் கேட்க, மூத்திரம் வருது என்று அது உரத்துச் சொன்னதை உனக்குச் சொன்னேன்தானே. அது அதற்கு முதல் நான் கேட்டதற்குப் பதில்.

அதனால்தானே நீ கொம்பியூட்டரின் மூளைப் பகுதியை மாற்றச் சொன்னாய். யாழ்ப்பாணம் டவுனில் கொம்பியூட்டர் கடை வைத்திருக்கிற ஹுஸைன் வந்து பார்த்தான், நல்ல பெடியன், எனக்கு விளங்கும்படி சொன்னான். அன்ரி, ரெண்டு கோர் எண்டால் ரெண்டு அடுப்பு, நாலு கோர் எண்டால் நாலு அடுப்பு, ஐயாவின்ரை கண்ணைப் பார்க்கிறது ஒரு வேலை, எழுத்தைப் பிடிக்கிறது ஒரு வேலை, சொல்லைக் கட்டுறது ஒண்டு, வாயாலை சொல்லுறது ஒண்டு, ரெண்டு அடுப்பிலை நாலு கறி வைக்க வெளிக்கிட்டால் ரெண்டு சட்டி கீழை காத்துக்கொண்டுதானே கிடக்கும் என்றான். சமையல்காரிக்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ. நாலையே போடு தம்பி என்று நான் சொல்ல வாயெடுக்க, அப்பாவின் கண் திரையில் ஓடத் தொடங்கியது. நாங்கள் இருவரும் காத்து நின்றோம். ரெண்டு காணும் என்றது குரல். ஹுஸைன் விடவில்லை, ஐயா, புதுசா ரெண்டு போட்டால் கொஞ்சம் வேகம் வரும்தான், ஆனா ஒரு வரியம் ஒண்டரை வரியத்துக்குத்தான் இழுக்கும், நாலு போட்டால் அஞ்சாறு வரியத்துக்குத் திரும்பிப் பார்க்கத் தேவையில்லை என்றான். அப்பா அவனையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு மறுபடியும் அதே இரண்டு சொல்லைச் சொன்னார். காலமெல்லாம் பவர் ஹவுசில் வேலை செய்த மனிதர், நாலு கோர் கரண்டு கூடக் குடிக்கும், கரண்டு நின்றால் பற்றரி தாங்காது என்று கணக்குப் பார்க்கிறார் என்றுதான் நான் நினைத்தேன். அவர் சொன்னபடி புது ரெண்டையே போட்டோம், கொஞ்சக் காலம் வேகமாக ஓடிவிட்டுப் பிறகு அதுவும் பழையபடி மந்தம்தான். நீ போனில், அப்பாவின்ரை சொல்லைக் கேட்டு உதைப் போய்ப் போட்டியளே அம்மா என்று ஏசினாய், நானும் மாறி ஏசினேன். ஒரு வரியம் என்ற சொல்லுக்குத்தான், தனக்கு அந்த ஒரு வருசமே காணும் என்றுதான் அவர் மறுபடியும் பதில் சொன்னார் என்று உனக்கும் விளங்கவில்லை, எனக்கும் விளங்கவில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை டொக்டர் வீட்டுக்கு வந்தார். உன் பெரியப்பா தியாகராசாவும் நின்றார். இப்போது அப்பா மூச்சை இழுத்து எடுப்பதைப் பார்க்க ஏலாது பிள்ளை, உனக்கு வீடியோவில் தெரியாதபடி நான் கமராவை மேலே திருப்பி வைக்கிறேன். டொக்டர் நல்ல மனிதர், எங்களைக் கேட்காமல் அப்பாவின் கதிரைக்கு முன்னால் ஸ்டூலைப் போட்டு இருந்து அவரிடமே கேட்டார். அதற்குச் சற்று முன்னால்தான் நான் தலையணையை உயர்த்தி வைத்து, உயரம் காணுமோ என்று கேட்டிருந்தேன். அப்பாவின் கண் எழுத்துகளில் நடந்துகொண்டிருந்தது. டொக்டருக்கு அது தெரியாது, அவர் தன்பாட்டில் கதைக்கத் தொடங்கிவிட்டார். ஐயா, மூச்சு குறைஞ்சுகொண்டு போகுது, தொண்டையிலை துளை போட்டுக் குழாய் வைச்சு மெசினிலை விட்டால் இன்னும் கொஞ்சக் காலம் இருக்கலாம், பிறகு அந்த மெசினை விட்டு இருக்கேலாது, குழாய் போடுவமோ, இல்லாட்டி இவ்வளவும் காணுமோ என்று கேட்டார். வட்டம் சுற்றிக்கொண்டே நின்றது. பிறகு அந்த இந்தியக் குரல், காணும் என்றது.

டொக்டர் அப்பாவின் கையைப் பிடித்து, சரி ஐயா என்றார். பெரியப்பா எழும்பிக் கிணற்றடிக்குப் போய்விட்டார். நான் பதறிப்போனேன். டொக்டர், அது தலையணைக்குச் சொன்னது, தலையணைக்குத்தான் சொன்னது என்று விசரி மாதிரிக் கத்தினேன். அவர் திரையைப் பார்த்தார், திரை இறுகிப்போய் அப்படியே நின்றது, அப்பாவும் களைத்துக் கண்ணை மூடிவிட்டார். ஆறுதலா ஒருக்கால் கேட்டுப்போட்டுச் சொல்லுங்கோ அம்மா, ஆனா கனநாள் கடத்த ஏலாது என்று சொல்லிவிட்டுப் போனார். பெரியப்பாதான் என்னோடு சண்டைக்கு வந்தார். இஞ்சை பார் பிள்ளை, அவன் விளங்காமல் சொல்லேல்லை, வாழ்நாள் முழுக்கச் சுவிச்சுக்குப் பக்கத்திலை நிண்ட மனிசன், எதை எப்ப நிப்பாட்டோணும் எண்டு அவனுக்குத் தெரியும் என்றார். எனக்கு வந்த கோபத்தில், அவர் என்ரை புருசன், சுவிச்சில்லை என்று சொல்லிவிட்டேன். போட்ட தேத்தண்ணியைக் குடிக்காமல் போய்விட்டார்.

கண்ணை மூடித் திறந்து ஓம், இல்லை சொல்லச் சொல்லலாமே என்று நீ கேட்பாய். இமை இப்போது தன்பாட்டில் விழுகிறது. அதை நம்பி இப்படியொரு கேள்வியைக் கேட்கலாமோ? மறுநாளே பஸ் ஏறி டவுனுக்குப் போய் ஹுஸைனிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவன் கடையைப் பூட்டிவிட்டு, நாலு கோரை எடுத்துப் பையில் வைத்துக்கொண்டு மழைக்குள் மோட்டச்சைக்கிளில் என் பஸ்ஸுக்குப் பின்னாலேயே வந்தான். விசிறியைக் கழற்றி, பழைய பசையைத் துடைத்து, ஒரு சதுர பிஸ்கட் அளவுத் துண்டை எடுத்துவிட்டு அதே அளவில் இன்னொன்றை வைத்தான். பார்த்தால் ஒரு வித்தியாசமும் இல்லை, இதற்காகவோ இவ்வளவும் என்று இருந்தது. கொம்பியூட்டரைப் போட்டதும் அப்பா திரையைப் பார்த்தார், பார்க்கப் பார்க்கவே சொல் வந்தது, தம்பிக்குத் தேத்தண்ணி குடு என்றார். ஹுஸைன் கைதட்டினான். நானும் சிரித்தேன் தர்சினி, உண்மையாகவே சிரித்தேன், பழைய அப்பா வந்துவிட்டார் போல இருந்தது.

அவன் போனபிறகு நான் கதவைச் சாத்திவிட்டு அவருக்கு முன்னால் இருந்தேன். டொக்டர் கேட்டது விளங்கினதோ, குழாய் போடுவமோ என்று கேட்டேன். நான் வாயை மூட முதல் பதில் வந்தது, காணும். எது காணும், தலையணையோ என்று கேட்டேன். வெட்கமில்லாமல் அப்படித்தான் கேட்டேன், ஓம் என்று சொல்லட்டும் என்று. இல்லை என்றார். பிறகு, எல்லாம் காணும் குணம், நீ படுறதும் காணும் என்றார். என்னைக் குணம் என்று கூப்பிடுகிறவர் இந்த உலகத்தில் அவர் ஒருவர்தான், அந்தப் பெயரை யாரோ தெரியாத ஒருவரின் குரல் சொல்லக் கேட்டேன். ஐயோ பிள்ளை, அந்த ரெண்டு கோரே இருந்திருக்கலாம். கேட்டுவிட்டு நான் குசினிக்குப் போயிருப்பேன், பதில் எப்பவோ வந்து எதற்கோ சேர்ந்திருக்கும், தலையணைக்குத்தான் என்று நான் இன்னும் எத்தனையோ நாள் பிடித்துக்கொண்டு இருந்திருப்பேன். இப்போது பிடிக்க ஒன்றுமில்லை. டொக்டருக்குச் சொல்லிவிட்டேன். பெரியப்பாவிடமும் போனேன், இருவரும் தேத்தண்ணி குடித்தோம்.

சித்திரை விடுமுறைக்கு வாறன் என்றாய், அது சரிவராது மகள். தை பிறக்க முதல் வா, சின்னவளையும் கூட்டிக்கொண்டு வா. மருமகனுக்கு லீவு கிடைக்காவிட்டால் நீங்கள் இரண்டு பேராவது வாருங்கள். வரும்வரைக்கும் உடம்பைப் பார்த்துக்கொள், நேரத்துக்குச் சாப்பிடு, அழுதுகொண்டு கார் ஓடாதே. அந்தப் பிள்ளையார் உங்கள் மூவரையும் ஒரு நோய்நொடி அண்டாமல் காக்க வேண்டும், அப்பாவின் ஆசீர்வாதமும் உனக்கு எப்போதும் உண்டு, அவர் சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

ஒன்றை மட்டும் மறந்துபோகாதே. இனிப் போன் எடுக்கும்போது, குழாயைப் போடுவமே அப்பா, எனக்காகப் போடுவமே என்று கேட்டுவிடாதே. முந்தி என்றால் பதில் வருவதற்குள் நீ வேறு கதை கதைத்துத் தப்பியிருப்பாய். இப்போது கேட்ட உடனே சொல்லிவிடுவார்.

உன் அம்மா,
குணலட்சுமி