சுவரில்லாத மலை

ஸ்கெல்பெக், மேல்வீடு
11 மார்ச் 2001

அன்புள்ள பிரெண்டா,

ஓடைக்கு இந்தப் பக்கம் நான், அந்தப் பக்கம் நீ. ஜன்னலைத் திறந்து கத்தினால் உனக்குக் கேட்டுவிடும். அப்படியிருந்தும் தபால்தலை ஒட்டிக் கடிதம் போடுகிற நிலைமை நமக்கு வந்துவிட்டது, பார்த்தாயா? போனில் பேசினால் என்ன என்பாய். உங்கள் போன் உன் வீட்டுக்காரர் கீத்தின் நாற்காலிக்குப் பக்கத்தில் அல்லவா இருக்கிறது! மணி அடித்தால் போதும், எந்தப் பண்ணையில் கோமாரி வந்து மந்தையைச் சுட்டார்களோ என்று பதறிக்கொண்டு எடுக்கிறார். நான்தான் என்று தெரிந்ததும், "அட, நீயா! பிரெண்டா கொட்டகையில இருக்கா" என்று வைத்துவிடுகிறார். இரண்டு நாளாக நீ கொட்டகையிலேயே குடியிருக்கிறாய் போலிருக்கிறது.

தபால்காரி மேவிஸ் எங்கள் கேட்டைத் தாண்டி வருவதில்லை. வெளியிலிருக்கும் பால் கேனுக்குள் கடிதங்களைப் போட்டுவிட்டு, கிருமி மருந்தில் ஊறிய வைக்கோலை மிதிமிதியென்று மிதித்துவிட்டுப் போகிறாள். சர்ச்சைப் பூட்டியாயிற்று. வயல் நடைபாதைகளை எல்லாம் நாடா கட்டி அடைத்தாயிற்று. வியாழக்கிழமைச் சீட்டாட்டமும் இல்லை. யாரையாவது ஏமாற்றி ஜெயிக்காமல் உனக்குக் கை அரிக்குமே.

இங்கே ஆடுகள் குட்டி ஈனத் தொடங்கிவிட்டன. ராய் செத்து நான் விதவையானதிலிருந்து ஒரு வருஷம்கூடத் தவறாமல் கீத் வந்துதான் எனக்குக் கை கொடுப்பார். இந்த வருஷம் தனியாகத்தான் பாடுபடுகிறேன். நேற்று வயிற்றில் கால் மடங்கிச் சிக்கிய ஒரு குட்டியை நானே உள்ளே கையை விட்டுத் திருப்பி எடுத்தேன். என் கை மண்வெட்டி மாதிரி இருக்கிறது என்று கேலி பண்ணுவாரே, அந்தக் கைதான் எடுத்தது என்று சொல்.

ஒன்று கேட்கிறேன், கோபித்துக்கொள்ளாதே. நம் இரண்டு வயலுக்கும் நடுவிலிருக்கும் சுவரோரம், உங்கள் சிவப்புக் குறி போட்ட ஆடுகள் இரண்டு நொண்டுகின்றன. கீத் பார்த்தாரா?

என்றும் உன்
நோரீன்


ஸ்கெல்பெக், ஓடைக்கரை வீடு
13 மார்ச் 2001

அன்புள்ள நோரீன்,

உன் கடிதத்தைக் கீத்துக்கு வாசித்துக் காட்டினேன். மண்வெட்டிக் கை என்றதும் சிரித்தார். அவர் சிரித்துப் பத்து நாளாயிற்று. நொண்டுகிற ஆடுகளைப் பற்றி வாசித்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. "ஈரத்துல நின்னா ஆடு நொண்டாம என்ன செய்யும்? குளம்பு அழுகல்தான். நோரீனை முதல்ல கண்ணாடி மாத்தச் சொல்லு" என்றார்.

அவர் சொன்னதை அப்படியே எழுதிவிட்டேன், தப்பாக நினைக்காதே. ராத்திரியெல்லாம் தூங்குவதில்லை. ரேடியோவில் நோய் வந்த ஊர்களின் பெயர்களை வாசிக்கும்போது நமக்கு எவ்வளவு தூரம் என்று மேசையில் விரலால் அளக்கிறார். அதனால்தான் இந்தச் சிடுசிடுப்பு.

ருபார்ப் ஜாம் போட்டேன். உனக்கென்று எடுத்து வைத்ததைச் சுவர்மேல் வைத்துவிட்டுப் போகலாமா என்று கேட்டேன். "ஜாமையும் சுட்டுடப் போறாங்க" என்றார். இந்த நோய் ஓய்ந்தபிறகு வந்து வாங்கிக்கொள்.

அன்புடன்
பிரெண்டா


மேல்வீடு
15 மார்ச் 2001

அன்புள்ள பிரெண்டா,

இதை எழுதக் கை வரவில்லை. ஆனாலும் உனக்குச் சொல்லாமல் எதையும் செய்ய மாட்டேன்.

இன்று காலை சுவருக்கு இந்தப் பக்கம் நின்று நன்றாகப் பார்த்தேன். கண்ணாடி போட்டுக்கொண்டுதான் பார்த்தேன். நொண்டுகிற இரண்டில் ஒன்றின் வாயிலிருந்து எச்சில் நூலாக ஒழுகுகிறது. தீவனத்தை முகர்ந்துவிட்டு வாயை எடுத்துக்கொள்கிறது. அதன் குட்டியும் பால் குடிக்காமல் ஒதுங்கி நிற்கிறது. ரேடியோவில் என்னென்ன அடையாளம் சொல்கிறார்களோ எல்லாம் அதனிடம் இருக்கிறது. கீத்துக்கு இது தெரியாதா? அவருக்குத் தெரியாத ஆடு இந்தப் பள்ளத்தாக்கில் உண்டா?

நீங்களே அதிகாரிகளைக் கூப்பிட்டுச் சொல்லிவிடுங்கள். யாரோ சொல்லி அவர்கள் வந்து நிற்பதைவிட அதுதான் மரியாதை. என் ஆடுகள் அதே சுவரில்தான் உடம்பைத் தேய்க்கின்றன, பிரெண்டா. எனக்கு அவற்றை விட்டால் யார் இருக்கிறார்கள்? நாளை சாயங்காலம்வரை பார்ப்பேன். அதற்குள் நீங்கள் சொல்லவில்லையென்றால் நான் சொல்லிவிடுவேன்.

உன்
நோரீன்


ஓடைக்கரை வீடு
16 மார்ச் 2001, காலை

நோரீன்,

மேவிஸைக் கேட்டில் நிறுத்தி வைத்துவிட்டு எழுதுகிறேன். உன் காலைப் பிடித்துக் கேட்டுக்கொள்கிறேன், திங்கட்கிழமைவரை பொறு.

கீத் அந்த ஆட்டின் வாயைத் திறந்து பார்த்துவிட்டார். சாதாரண வாய்ப்புண்தான் என்று சத்தியம் பண்ணுகிறார். முள்ளைத் தின்று புண்ணாகி, அது குட்டிக்கும் தொற்றியிருக்கிறதாம். வருஷா வருஷம் வருவதுதானே, உன் மந்தைக்கும் வந்ததில்லையா? இரண்டு நாளில் புண் காய்ந்து பொருக்குத் தட்டிவிடும், அப்போது எல்லோருக்கும் தெரிந்துவிடும் என்கிறார். "அவனுங்க இப்ப காயறவரைக்கும் பாத்துட்டு நிக்க மாட்டானுங்க, பிரெண்டா. வாயில புண்ணுன்னா துப்பாக்கிய எடுப்பானுங்க. பரிசோதனை எல்லாம் அப்புறம்தான்" என்கிறார். பக்கத்துப் பள்ளத்தாக்கில் அப்படித்தானே நடந்தது?

உனக்கு நான் விளக்க வேண்டியதில்லை. மலையில் சுவரா இருக்கிறது? உங்கள் ஆடு எதுவரை, எங்கள் ஆடு எதுவரை என்று தாய் குட்டிக்குக் காட்டி, அது தன் குட்டிக்குக் காட்டி, இன்றுவரைக்கும் நடந்து வருகிறது. சந்தையில் வாங்கிய ஆட்டைக் கொண்டுபோய் அங்கே விட்டால் பொழுது சாய்வதற்குள் எந்த ஊரிலோ நிற்கும். குட்டி ஈனுவதற்காக எல்லாவற்றையும் கீழே இறக்கியிருக்கிறோம், மேலே ஒன்றுகூட இல்லை. இந்த மந்தை போனால் திரும்ப உண்டாக்க முடியாது. அரசாங்கம் கொடுக்கிற காசை வைத்துக்கொண்டு கீத் என்ன செய்வார்?

ராயைப் புதைத்துவிட்டு வந்த அன்று உன் ஆடுகளுக்கு யார் ரோமம் கத்தரித்தார்கள் என்று சொல்லிக்காட்ட எனக்கு இஷ்டமில்லை. ஆனால் சொல்லிவிட்டேன்.

திங்கட்கிழமைவரைதான் கேட்கிறேன்.

பிரெண்டா


மேல்வீடு
27 மார்ச் 2001

அன்புள்ள பிரெண்டா,

திங்கட்கிழமைவரை பொறு என்ற உன் கடிதம் அன்று பகலிலேயே கைக்கு வந்தது. அதைப் படித்த பிறகுதான் அதிகாரிகளுக்குப் போன் போட்டேன். கடிதம் தாமதமாக வந்தது என்று நான் சொன்னால் நீ நம்பிவிடுவாய், மேவிஸும் வாயைத் திறக்க மாட்டாள். உன்னிடம் பொய் சொல்லத் தோன்றவில்லை.

உங்கள் மந்தையைச் சுட்ட அன்று முழுக்க ஜன்னல்களை மூடிக்கொண்டு சமையலறையில் உட்கார்ந்திருந்தேன். இருந்தும் கேட்டது. முதலில் தாய் ஆடுகளும் குட்டிகளும் சேர்ந்து கத்தின. பிறகு குட்டிகளின் சத்தம் மட்டும் கேட்டது. பிறகு உங்கள் நாய் குரைத்துக்கொண்டே இருந்தது. புகை இரண்டு நாள் எங்கள் முற்றத்தில்தான் நின்றது. துவைத்துப் போட்ட துணியை மறுபடி துவைத்தேன், நாற்றம் போகவில்லை.

அடுத்து எங்கள் மந்தைதான் என்று சொல்லியிருந்தார்கள். நோய் வந்த பண்ணையோடு சுவரைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் எல்லோருக்கும் அதுதான் சட்டம். எல்லாவற்றையும் கொட்டகையில் அடைத்துவிட்டுக் காத்திருந்தேன். சுடுகிறவர்களுக்கு வேறெங்கோ வேலை அதிகமாம், வரத் தாமதமாயிற்று. நேற்று அதிகாரிகளின் ஆபீஸிலிருந்து போன் வந்தது. உங்கள் ஆடுகளின் ரத்தத்தில் கோமாரி இல்லையாம். அதனால் எங்கள் பண்ணைக்கு வர வேண்டியதில்லையாம். "உங்களுக்கு நல்ல சேதிதான், அம்மா" என்றாள் அந்தப் பெண். நல்ல சேதி! போனைத் தூக்கி எறியலாம் போல் ஆத்திரம் வந்தது.

கீத் சொன்னது சரியாகிவிட்டது. அவரிடம் எப்படிச் சொல்வேன்? நான் கண்ணால் கண்டதைச் சொன்னேன், பிரெண்டா. அது கோமாரியாக இருந்திருந்தால் மூன்று நாளில் பள்ளத்தாக்கே போயிருக்கும். இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு நானே சமாதானம் பண்ணிப் பார்க்கிறேன், ஒன்றும் நடக்கவில்லை.

ஒருவரை ஒருவர் பார்க்கலாம் என்று சொன்னவுடன் வருகிறேன். கதவைத் திறப்பாயா?

நோரீன்


மேல்வீடு
3 ஜூலை 2001

அன்புள்ள பிரெண்டா,

பதில் வராமலே நான் எழுதும் நான்காவது கடிதம் இது. கேனைத் திறந்து பார்ப்பதே எனக்குப் பிழைப்பாகிவிட்டது. "அவங்க ஒண்ணும் கொடுக்கல, நோரீன்" என்று மேவிஸ் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு சொல்கிறாள்.

சர்ச் திறந்த ஞாயிற்றுக்கிழமை நீ பின்வரிசையில் போய் உட்கார்ந்தாய். நம் பெஞ்சில் நான் தனியாக இருந்தேன். பாட்டுப் புத்தகத்தில் பக்கம் எடுத்துக் கொடுக்க ஆளில்லாமல் தப்பான பாட்டைப் பாடிவிட்டு நின்றேன். பாதிரியார் வாசலில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க செஞ்சதுதான் சரி. துணிச்சல் வேணும் அதுக்கு" என்றார். கடையிலும் அப்படித்தான் சொல்கிறார்கள். யாரைப் பார்த்தாலும் என்னைப் பாராட்டுகிறார்கள். யாரும் டீ குடிக்க வா என்று மட்டும் கூப்பிடுவதில்லை.

ஒரு யோசனை சொல்கிறேன், கீத்திடம் கேட்டுப் பார். என் மந்தையில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள். காசு கீசு என்று பேச்செடுக்காதே. மலை தெரிந்த ஆடுகள் அவை. கீத் நாலைந்து மாதம் கூடவே இருந்து காட்டினால் உங்கள் பக்கத்தையும் பழகிக்கொள்ளும். அவர் வேண்டாமென்றால் அதையாவது ஒரு வரி எழுது. திட்டியாவது எழுது.

உன் பழைய
நோரீன்


ஓடைக்கரை வீடு
19 செப்டம்பர் 2001

திருமதி நோரீன் பர்கெட் அவர்களுக்கு,

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். இப்போது எழுத வேண்டிய காரியம் வந்துவிட்டது.

நீ தருவதாகச் சொன்ன ஆடுகளை நாங்கள் கேட்கவே இல்லை. அவை தாமாகவே வந்துவிட்டன. கோடையில் நீ மந்தையை மேலே விட்ட நாளிலிருந்து எங்கள் பக்கத்தில்தான் மேய்கின்றன. அவற்றைக் குற்றம் சொல்ல மாட்டேன். முட்டித் தள்ள அந்தப் பக்கம் ஆடு இல்லையென்றால் புல் இருக்கிற இடத்துக்குப் போகத்தான் செய்யும். கூடத்து ஜன்னலில் நின்றால் உன் ஆடுகளின் நீலக் குறி ஓடை முனைவரை தெரிகிறது. நான் அந்தத் திரையை இழுத்து மூடிவிட்டேன்.

ஊர் சொல்வது எனக்கும் கேட்கிறது. நீ செய்தது சரி என்று என்னைக் கேட்பவர்களிடம் நானும் சொல்கிறேன். நீ ஏதாவது கெட்ட எண்ணத்தில் செய்திருந்தால் உன்னைத் திட்டித் தீர்த்துவிட்டு, கிறிஸ்துமஸுக்குள் சேர்ந்திருப்பேன். நீ யோசித்து, என் கடிதத்தைப் படித்து, சரியென்று தெரிந்து செய்தாய். உன்மேல் எனக்குக் கோபப்படக்கூட வழியில்லை. அதுதான் என்னால் தாங்க முடியவில்லை. நாங்கள் மூன்று நாள் கேட்டோம், நோரீன். மூன்றே நாள்.

கீத்தைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை, உன்னிடம் சொல்லித்தான் ஆக வேண்டும். விடிந்ததும் நாயைக் கூட்டிக்கொண்டு மலைக்குப் போகிறார். உன் ஆடுகளைப் பழைய எல்லைவரை ஓட்டிவிட்டு இருட்டியபிறகு வருகிறார். மறுநாள் அவை திரும்பவும் வந்து நிற்கும். திரும்பவும் போகிறார். மழையென்றும் பார்ப்பதில்லை. போன வாரம் பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தபோது நான் மனசு பொறுக்காமல் கேட்டேன்.

"சும்மாக் கிடக்கற புல்லுதானே, கீத். தின்னுட்டுப் போகட்டுமே."

என்னைப் பைத்தியத்தைப் பார்ப்பது போலப் பார்த்தார்.

"எல்லாத்தையும் அதுங்க தின்னுட்டா நம்ம ஆடுங்க வந்து எதைத் திங்கும்?"

நான் சூப்பை ஊற்றிக் கொடுத்தேன். வேறென்ன செய்வது?

அதனால்தான் எழுதுகிறேன். நீ அவற்றைத் திருப்பி ஓட்டுவதற்காக மேலே போவதாக மேவிஸ் சொன்னாள். போகாதே. வேலியும் போடாதே. அவை எங்கள் பக்கம் வந்தால் வரட்டும். விடிந்தால் அவருக்கு எழுந்து போக ஓர் இடம் வேண்டும்.

மலையில் தூரத்தில் அவரைப் பார்த்தால், நீ பாறைக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்.

இப்படிக்கு
பிரெண்டா டைசன்