துக்க வீட்டில் கட்டிய நட்சத்திரம்

காலையில் டிவியைப் போட்டதும் அந்த நகைக்கடை விளம்பரம் வந்தது. மாதா கோயில் மணி, வயலின், ஒரு சொட்டுக் கண்ணீர், அப்புறம் நெக்லஸ். டிவியை அணைத்துவிட்டு உனக்கு இதை எழுத உட்கார்ந்தேன்.

ஆண்டிமடத்தில் நம் இரண்டு வீட்டுக்கும் ஒரே சுவர்தான். டிசம்பர் பிறந்தால் நீ முறுக்கு மாவைத் தூக்கிக்கொண்டு என் வீட்டுக் கூடத்துக்கு வந்துவிடுவாய். பிசைகிற கை பிசைய, கண் டிவி விளம்பரத்தில் இருக்கும். வெளிநாட்டு மகன், தனியாக அம்மா, சன்னலில் மெழுகுவத்தி. "இப்ப மூக்க உறிஞ்சுவா பாரு. அடுத்து பொட்டி தொறக்கும் பாரு" என்பாய். சொன்னபடியே திறக்கும். உன் மகளும் நானும் வயிறு வலிக்கச் சிரிப்போம். ஒருமுறை மட்டும் நீ சிரிக்கவில்லை. "கொழந்த மாட்டுக் கொட்டாயில பொறந்ததுக்குத்தான்டி இந்தப் பண்டிக. இவனுவ எதுக்கு நம்மள அழ வச்சி நகைய விக்கிறானுவ?" என்றாய்.

ஆவணியில் நீ போய்விட்டாய். சாவு விழுந்த வீட்டில் முதல் கிறிஸ்துமஸுக்கு நட்சத்திரம் கட்டுவதில்லை, எண்ணெய்ச் சட்டி வைப்பதில்லை. எங்கள் வீட்டுத் தீபாவளிக்கும் அதே வழக்கம்தான். இது தெரியாத யாரோ ஒரு விளம்பரக் கூட்டம், அம்மா இல்லாத நிஜக் குடும்பம் வேண்டுமென்று உன் வீட்டைத் தேடி வந்தது. "உங்க வீட்டம்மாவ ஊரே பாக்கும் சார்" என்றார்களாம். உன் முகத்தை டிவியிலாவது பார்க்கலாம் என்று உன் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார். அவரைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை.

சத்தம் கேட்டுப் போனால், வாசலில் உன் வீட்டு நட்சத்திரம் எரிகிறது! உள்ளே உன் படத்துக்குப் புது மாலை. உன் மகள் கையில் நகைப் பெட்டி. உன்னை அடக்கம் செய்த நாளிலிருந்து அவள் அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. எங்களுக்கு அதுதான் பெரிய பயம். "இன்னும் கொஞ்சம் ஃபீல் பண்ணும்மா" என்றான் இயக்குநர். கண்ணீர் வரவில்லை என்று கிளிசரின் பாட்டிலை எடுத்தான். தாயைப் பறிகொடுத்த பிள்ளைக்குக் கிளிசரின்! காறித் துப்பியிருப்பேன், உன் வீடாயிற்றே என்று விழுங்கினேன்.

"மெதுவா பொட்டியத் தொறங்க" என்றான்.

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். உதடு கோணியது. "பெரிம்மா, பொட்டி தொறக்கும் பாரு" என்று வெடித்துச் சிரித்தாள். சிரித்த வாக்கிலேயே "அம்மா" என்று தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்தாள்.

அந்தப் பாவி கேமராக்காரனிடம் என்ன சொன்னான் தெரியுமா? "சூப்பர், விடாத, கிட்ட போ!"

முந்தானையை விரித்துக் கேமராவை மூடினேன். "எடுத்தத அழிடா மொதல்ல" என்று கத்தினேன். உன் வீட்டுக்காரர் ஸ்டூலைப் போட்டு ஏறி நட்சத்திரத்தை அவிழ்த்தார். இறங்கி வந்து, "இந்த வூட்ல இந்த வருசம் பண்டிக இல்லீங்க. கெளம்புங்க" என்றார். அந்த நேரத்திலும் அவருக்கு 'ங்க' போகவில்லை.

வேறு வீடு, வேறு பெண், வேறு படம் என்று எடுத்து முடித்துவிட்டார்கள். காலையில் பார்த்தது அதைத்தான். இனி பொங்கல்வரை தினமும் அழுவார்கள்.

அன்று அவிழ்த்த நட்சத்திரம் என் பரணில் இருக்கிறது. அடுத்த வருடம் உன் மகள்தான் கட்டவேண்டும். இத்தனை வருடம் முறுக்குத் தட்டு உன் வீட்டிலிருந்து வந்தது; நேற்று அதே தட்டில் என் அடுப்பு முறுக்கு உன் வீட்டுக்குப் போனது. உன் மகள் ஒன்றைக் கடித்துப் பார்த்தாள். "அம்மா போடுற மாதிரி இல்ல பெரிம்மா" என்றாள். சொல்லிவிட்டு, கண்ணீர் வழிய வழிய முழுசாகத் தின்றாள். நான் துடைக்கப் போகவில்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன்.