எழுபத்தொன்றும் எண்பத்திரண்டும்

மச்சான்,

இன்று காலை உன் எண்பத்திரண்டு காரின் கதவைத் திறந்தேன். வெயிலில் வெந்த சீற்றின் மணத்தோடு, நீ நெற்றிக்குப் பூசும் தைலத்தின் மணமும் வந்தது. நீ கண்ணை மூடி ஒரு மாரி கழிந்துவிட்டது. கார் இன்னும் உன்னை இறக்கிவிடவில்லை.

உன் மனைவிதான் கூப்பிட்டிருந்தா. “நாளைக்கு மட்டக்களப்பால கார் வாங்க ஆள் வருது அண்ணை. ஒருக்கா ஓட்டிப் பாத்துச் சொல்லுங்கோ.” திருகோணமலையில் ஸ்டார்லெட் காரைப் பற்றி என்னைக் கேட்காமல் வேறு யாரைக் கேட்பது? எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடம் என்னை இழந்துவிட்டது உண்மைதான். ஆனால் அந்தக் காரைச் செய்த ஜப்பான்காரனே வந்தாலும் என்னிடம் இரண்டு சந்தேகம் கேட்டுவிட்டுத்தான் போவான்.

என்னுடையது முந்தின தலைமுறை, மொடல் இலக்கம் எழுபத்தொன்று. பெட்டி மாதிரி உடம்பு, இறகு மாதிரிப் பாரம். ஸ்டியறிங்கைப் பார்த்தாலே திரும்பும். உன்னுடையது அடுத்து வந்த எண்பத்திரண்டு. உருண்டை முகம், பதினாறு வால்வு எஞ்சின். இழுவை கூட, பாரமும் கூட. நிலாவெளி உப்பளத்துக்குப் பின்னால் காய்ந்து கிடக்கும் தரவை வெளியில் வெறும் பெயின்ற் வாளிகளைக் கவிழ்த்து வைத்து, அவற்றுக்கிடையே வளைந்து வளைந்து நேரம் பார்த்து ஓட்டுவோம். வாளி விழுந்தால் நேரத்தில் தண்டம். எந்தக் கார் திறம் என்பதை நாம் அங்கே தீர்த்ததே இல்லை.

“உன்ரை எழுபத்தொண்டு வளைவில துள்ளுது. ஆட்டுக்குட்டியை விட்டா இன்னும் வடிவாத் துள்ளும்” என்பாய்.

“உன்ரை எண்பத்திரண்டு கல்யாண வீட்டில சாப்பிட்டு வந்த ஆள் மாதிரியெல்லோ திரும்புது” என்பேன் நான்.

நான் ஓட்டும்போது நீ பனையடியில் நிற்பாய். விழுந்த வாளி ஒவ்வொன்றுக்கும் ஒரு விரல் நீட்டுவாய். நான் இறங்கும் முன்பே உன் கை உயர்ந்திருக்கும். ஒருநாள் நான் கடைசி வளைவை எடுத்த வேகத்தில் துறைமுகத்தில் நின்ற கப்பல்காரர் ஹோர்ன் அடித்து வாழ்த்தினார்கள் என்று தேநீர்க்கடையில் சொன்னேன். நீ பிளேன்ரீயை ஊதிக்கொண்டே, “குறைச்சுச் சொல்லு. நிலாவெளியில ஓடினது துறைமுகத்துக்கு எப்பிடியடா தெரிஞ்சது?” என்றாய். கடை முழுக்கச் சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்த நாள் கப்பல் இரண்டானது.

இன்று வாளிகளை நானே அடுக்கினேன். ஓடுமுன் பாதையை நடந்து பார்ப்போமே, அதையும் தனியே நடந்தேன். மூன்றாவது வளைவில், “இதிலை பிரேக்கை முந்தியே தொடவேணும்” என்று இடப்பக்கம் திரும்பிச் சொல்லிவிட்டேன். இடப்பக்கத்தில் உப்புக் காற்றுத்தான் நின்றது.

பிறகு ஓட்டினேன். மச்சான், ஒரு வாளியும் விழவில்லை. ஒன்றுகூட அசையவில்லை. உன் கார் வளைவுகளில் தண்ணீர் மாதிரிப் போனது. நிறுத்தியதும் பனையடியைப் பார்த்தேன். உப்பள வேலியோரம் உன் மனைவிதான் வந்து நின்றா.

“எத்தினை விழுந்தது தங்கச்சி?”

“நான் வாளியளைப் பாக்கேல்லை அண்ணை. அவரின்ரை கார்ச் சத்தத்தைத்தான் கேட்டுக்கொண்டு நிண்டனான்.”

பின்னேரம் நம் தேநீர்க்கடைக்குப் போய், இன்று ஒரு வாளியும் விழவில்லை என்றேன். “ஓம் அண்ணை, நீங்கள் ஓடினா விழுமே?” என்றார்கள். கப்பல் ஹோர்ன் அடித்தது என்றேன். அதற்கும் ஓம். சரி, ஒருவனாவது மறுக்கட்டும் என்று, “பொய் சொன்னனான், எல்லா வாளியும் விழுந்தது” என்றேன். அதற்கும் “ஓம் அண்ணை” என்றுவிட்டு ரீவியைப் பார்த்தார்கள். நான் வாழ்நாளில் அடித்த ஒரேயொரு சுத்தமான ஓட்டம், மச்சான். அதை இல்லையென்று சொல்லக்கூட எனக்கு ஆளில்லை.

நாளை உன் கார் போய்விடும். வாங்க வருகிறவனிடம் உள்ளதைச் சொல்வேன், நல்ல கார், வளைவில் தலை ஆட்டாது என்று. நம் சண்டையை மட்டும் அவனுக்குக் கொடுக்க மாட்டேன். அது என்னோடு இருக்கட்டும்.

எழுபத்தொன்றுதான் திறம். எங்கே, இல்லையென்று சொல்லு பார்ப்போம்.