பெட்டி வெளிக்கிட்ட பிறகு

சிவமயம்

வட்டுக்கோட்டை,
15.08.1978,
செவ்வாய்க்கிழமை.

அன்புள்ள ஞானாம்பிகைக்கு,

திருச்சியிலிருந்து ஒன்பதாம் திகதி நீர் எழுதிய கடிதம் நேற்று மத்தியானம் கிடைத்தது. பதினான்கு பேரும் பத்திரமாகக் கடல் கடந்தீர்கள் என்று அறிந்ததும் சுவாமி அறையில் விளக்கேற்றிவிட்டுத்தான் மிகுதியை வாசித்தேன். இந்தக் கடிதத்தை எல்லோருக்கும் கேட்க வாசிக்க வேண்டாம். மகள் குணலட்சுமி கேட்டாலும் கொடுக்க வேண்டாம். தனியே இருந்து வாசியும்.

இங்கே நான் சுகம். எவ்வளவு சுகம் என்பதைக் கீழே எழுதுகிறேன். முன்வீட்டுச் சீவரத்தினத்தின் மனைவி காலையில் இடியப்பமும் சொதியும் அனுப்புகிறா. மத்தியானச் சோற்றை நானே காய்ச்சுகிறேன். முதல் நாள் அடிப்பிடித்தது, இப்போது குழைகிறது. மாடு பால் குறைத்துவிட்டது. மழை இல்லை. கிணற்றுத் தண்ணீர் இன்னும் உவர்க்கவில்லை. என் நல்ல வேட்டிகள் நான்கும் உம்முடைய பெட்டிக்குள் திருச்சியில் இருக்கின்றன. ஓரம் கிழிந்த இரண்டை மாற்றி மாற்றிக் கட்டுகிறேன்.

சீவரத்தினம் ஒவ்வொரு நாளும் படலையில் நின்று, இன்றைக்கு எவடத்தில் நிற்பார்கள் என்று கேட்கிறார். நான் பயணத்துக்கென்று எழுதிய கொப்பியைப் பார்த்து, இன்றைக்குப் பழனி, நாளைக்குத் தஞ்சாவூர் என்று சொல்லிவருகிறேன். உம்முடைய கடிதம் வந்த பிறகுதான் தெரிகிறது, திருச்சிக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நீங்கள் அந்த ஊரைவிட்டு அசையவே இல்லை. அவரிடம் அதை இன்னும் சொல்லவில்லை.

உம்முடைய கடிதம் நான்கு பக்கம். ஏழு தரம் வாசித்தேன். உம்முடைய மச்சான் கனகலிங்கம் பதினொரு இடத்தில் வருகிறார். மச்சான் கூட்டிக்கொண்டு போனார், மச்சான் கதைத்துப் பாதி விலைக்கு வாங்கினார், மச்சான் சொன்ன பகிடிக்கு அக்கா சோற்றுக் கோப்பையைக் கீழே போட்டுவிட்டா. என் சங்கதி இரண்டு இடத்தில் வருகிறது. ஒன்று மருந்து, மற்றது மாடு. இப்படி எண்ணியதை எழுத வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் முப்பத்துநான்கு வருஷம் நில அளவைக் கந்தோரில் படம் வரைந்தவன், அளந்து பார்க்காமல் ஒன்றையும் நம்பப் பழகவில்லை.

அந்தக் கொப்பியை நான் தைப்பொங்கல் கழித்துத் தொடங்கினேன் என்பது உமக்குத் தெரியும். உமக்கு இராமேஸ்வரத்தில் தீர்த்தமாட வேண்டும், சிதம்பரம் பார்க்க வேண்டும். பிள்ளைகளையும் பேரப்பிள்ளைகளையும் விட்டுவிட்டுப் போக மாட்டேன் என்றீர். என்னுடைய ஓய்வூதியத்தில் பதினான்கு பேர் வெளிநாடு போய்வருவதென்றால் ஒவ்வொரு படியையும் முன்கூட்டியே வைத்துப் பார்க்க வேண்டியிருந்தது. கல்லூரி நூல்நிலையத்தில் இந்திய ரயில் நேரப் புத்தகம் ஒன்றை இரவல் வாங்கிப் பிரதிசெய்தேன். எந்தச் சத்திரத்தில் எத்தனை நாள் தங்கவிடுவார்கள் என்று பதினேழு கடிதம் எழுதினேன். ஒன்பதுக்குப் பதில் வந்தது. எந்தப் பிள்ளைக்கு அரை டிக்கற், எந்தப் பிள்ளைக்கு டிக்கற்றே வேண்டாம், முதல் மூன்று நாளும் கடையில் சாப்பிடாமல் வறுத்த மாவும் பருத்தித்துறை வடையும் புழுக்கொடியலும் எவ்வளவு போதும், ஆளுக்கு எத்தனை உடுப்பு, எல்லாம் அதில் இருந்தது. ஒவ்வொரு ஊருக்கும் ஒரு வரைபடம் வைத்தேன். நிலையத்திலிருந்து கோயிலுக்குப் போகும் தெருவைச் சிவப்பு மையில் காட்டினேன்.

ஆனியில் ஒரு மாலை எல்லோரையும் இருத்தி அதை வாசித்தேன். மகன் செல்வநாயகம் உடுப்பிட்டியிலிருந்து கனகலிங்கத்தையும் அழைத்து வந்திருந்தான். இளம் வயதில் ஆறு வருஷம் திருச்சியில் புடவை வியாபாரம் செய்தவர், மனைவியும் இல்லை, கூட வந்தால் உதவி என்று காரணம் சொன்னான். நான் ஆறாம் நாள் வரை வாசித்தபோது அவர் கையைத் தூக்கினார்.

“அண்ணை, உதிலை எத்தினை மணிக்குச் சிரிக்கிறதெண்டும் போட்டிருக்கிறியளே?”

வீடே சிரித்தது. நீரும் சிரித்தீர். சீலைத் தலைப்பால் வாயை மூடிக்கொண்டுதான் சிரித்தீர். ஆனாலும் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தீர். அதன் பிறகு அவர், திருச்சியில் தன் சிநேகிதர் ஒருவரின் வீடு பூட்டிக் கிடக்கிறது, அங்கே தங்கிச் சமைத்துச் சாப்பிட்டுக்கொண்டு நாளுக்கொரு கோயிலாகப் போய்வரலாம், சத்திரத்துக்கும் கடைச் சாப்பாட்டுக்கும் ஒரு சதமும் வேண்டாம் என்றார். ஆறு மாதத்தில் நான் குறைத்த செலவைவிட அவர் ஒரு வெற்றிலை போட்டு முடிக்க முன்னரே அதிகம் குறைத்துவிட்டார். நான் ஏழாம் நாளை வாசிக்கவே இல்லை. ஒருவரும் கேட்கவும் இல்லை.

ஞானம், அவர் உம்முடைய மாமாவின் மகன். உம்மை அவருக்கென்று சிறுவயதிலேயே பேசியிருந்தார்கள் என்பதும், என் கந்தோர் உத்தியோகத்தைக் கண்டுதான் உம்முடைய ஐயா மனம் மாறினார் என்பதும் கலியாணம் முடிந்த மறுவாரமே எனக்குத் தெரியும். உம்முடைய அக்கா நல்லம்மாதான் விளையாட்டாகச் சொன்னா. நான் உம்மை ஒருநாளும் அதுபற்றிக் கேட்டதில்லை. கேட்காதது பெருந்தன்மை என்று நீர் நினைத்திருக்கக்கூடும். அது பயம்.

இனிப் பயண நாளுக்கு வருகிறேன். ரயில் மாலையில். ஆனால் நல்ல நேரம் காலை ஏழு மணிக்கு முன்பே முடிந்துவிடுகிறது. உங்கள் வீட்டு வழக்கப்படி, வீட்டுக்காரி கட்டிய பெட்டியை நல்ல நேரத்தில் வெளியே எடுத்து அயல்வீட்டில் வைத்துவிட்டால் பயணம் அப்போதே தொடங்கியதாகும். அந்தப் பெட்டியை எடுத்துப் படலை தாண்டுகிறவர்தான் பயணத்துக்குத் தலைவர் என்றும் நீர்தான் முன்பு எனக்குச் சொன்னீர். அன்று விடிய முன் முழுகி, தோய்த்த வேட்டி கட்டி, திருநீறு பூசி, நிறைகுடத்துக்குப் பக்கத்தில் நான் வந்து நின்றேன். பெட்டிப் பிடியில் கை வைக்கப் போனபோது நீர் சொன்னீர்:

“மச்சான், பெட்டியை நீங்கள் தூக்குங்கோ. இவருக்கு இடுப்பு ஏலாது.”

அவர் ஒரு கையால் தூக்கிக்கொண்டு போய்ச் சீவரத்தினத்தின் விறாந்தையில் வைத்தார். பிள்ளைகள் பின்னால் ஓடினார்கள். நீர் என் இடுப்பை நினைத்துத்தான் சொன்னீர். இப்போது அது விளங்குகிறது. அந்த நேரம் எனக்கு விளங்கியது ஒன்றே ஒன்றுதான்: கலியாணமாகி நாற்பத்தொரு வருஷத்துக்குப் பிறகு அந்தப் பெட்டி அவர் கைக்குப் போய்விட்டது.

மத்தியானம் எனக்கு வந்த தலைச்சுற்று பொய், ஞானம். இதை எழுதத்தான் இத்தனை பக்கம் சுற்றி வந்தேன். ஆஸ்பத்திரி அப்போதிக்கரி வந்து பார்த்து, பிரஷர் கொஞ்சம் கூட என்றார். என் வயதில் அது எந்த நாளும் கொஞ்சம் கூடத்தான். நான் படுத்தால் நீரும் நிற்பீர், அவர் மற்றவர்களைக் கூட்டிக்கொண்டு போகட்டும் என்று நினைத்தேன். நான் நினைத்தபடியே நீர் கட்டிலில் வந்து இருந்து, “நான் நிக்கிறன்” என்றீர். அந்த இரண்டு சொல்லைக் கேட்டுக் கண்ணை மூடிக்கொண்டேன். சந்தோஷத்தில் முகம் காட்டிக் கொடுத்துவிடும் என்று பயம்.

எல்லாவற்றையும் கணக்குப் பார்த்தவன் ஒன்றை மறந்துபோனேன். அறை வாசலில் நின்று நல்லம்மா மச்சாள் சொன்னா:

“பெட்டி வெளிக்கிட்டிட்டுது, ஞானம். பெட்டி கட்டினவள் பின்னாலை போகத்தான் வேணும். திருப்பிக் கொண்டந்தால் பிள்ளையளுக்குக் கூடாது.”

நீர் என்னைப் பார்த்தீர். நான் நில்லும் என்று சொல்லியிருந்தால் நின்றிருப்பீர் என்றே இன்றைக்கும் நினைக்கிறேன். ஆனால் மச்சாள் பேரப்பிள்ளைகளை இழுத்துவிட்டா. போம், போம் என்றேன். செல்வநாயகம் என் பாஸ்போட்டை மேசையில் வைத்து, சுகம் வந்தால் பின்னால் வாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனான். நீர் படலையில் நின்று மருந்தை மறக்க வேண்டாம் என்று கூப்பிட்டுச் சொன்னது கேட்டது. திரும்பி உள்ளே வந்தால் கூடாதென்று அங்கேயே நின்று சொன்னீர்.

இதோடு முடிந்திருந்தால் உமக்கு இதை எழுதாமலே விட்டிருப்பேன். நீங்கள் ரயில் நிலையத்துக்குப் போகும் வான் வண்டியில் ஏறியபின் கனகலிங்கம் மாத்திரம் திரும்பி வந்தார். கூடாது என்பதையெல்லாம் அவர் பார்க்கிறதில்லை. கட்டிலுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து மெதுவாகக் கேட்டார்:

“அண்ணை, உங்கடை கொப்பியைத் தாங்கோ. எனக்கு ஊர் தெரியும், நேரம் தெரியாது.”

அவர் குரலில் பகிடி இல்லை. நான், எங்கே வைத்தேன் என்று தெரியவில்லை என்றேன். கொப்பி என் தலையணைக்குக் கீழே இருந்தது.

திருச்சிக்குப் போகிற வழியில் மதுரையில் ரயிலைத் தவறவிட்டு ஐந்து மணித்தியாலம் வெயிலில் மேடையில் இருந்ததாக எழுதியிருக்கிறீர். குணலட்சுமியின் சின்னவள் அருந்ததிக்குக் காய்ச்சல் கண்டு, அவர் அவளைத் தோளில் போட்டுக்கொண்டு தெருத்தெருவாக டொக்டரைத் தேடினாராம். பிறகு அந்த ஐந்து மணித்தியாலத்தைப் பெரிய பகிடியாகச் சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தாராம். கொப்பியில் முப்பத்தோராம் பக்கத்தில் அந்த ரயில் இருக்கிறது. அதைத் தவறவிட்டால் அடுத்தது பொழுதுபடத்தான் என்றும், பிள்ளைகளை நிழலான தங்கும் அறையில் இருத்துவது நல்லது என்றும் நானே எழுதி, கீழே கோடும் போட்டிருக்கிறேன். நேற்று அந்தப் பக்கத்தை எடுத்துப் பார்த்தேன்.

அப்போதும் என் மனம் எங்கே போனது தெரியுமா? அருந்ததி என்னுடைய தோளில் ஒருநாளும் ஏறியதில்லையே என்று போனது. காய்ச்சல்காரப் பிள்ளைக்காக அழுவதற்கு முன் அதற்காக அழுதேன். இப்படிப்பட்ட ஒருவனோடு நீர் இவ்வளவு காலம் வாழ்ந்திருக்கிறீர். பிள்ளைக்குக் காய்ச்சல் முற்றாக விட்டதோ என்று உடனே எழுதும். கொதித்து ஆறிய தண்ணீரே கொடுக்கச் சொல்லும்.

இத்துடன் கொப்பியிலிருந்து பன்னிரண்டு பக்கம் பிரதிசெய்து வைத்திருக்கிறேன். சிதம்பரம், தஞ்சாவூர், பழனி, திருப்பதி ரயில்கள் இருக்கின்றன. வரைபடங்களையும் திருப்பி வரைந்தேன். கோடுகள் கொஞ்சம் கோணியிருக்கின்றன, தெருக்கள் சரி. இவற்றைக் கனகலிங்கத்தின் கையில் நீரே கொடும். நேரம் தைமாதத்தில் எடுத்தது, நிலையத்தில் ஒருதரம் விசாரித்துக்கொள்ளச் சொல்லும். கொப்பி எங்கே இருந்தது என்று அவர் கேட்டால் உண்மையைச் சொல்லும். சொல்ல வேண்டாம் என்று முதலில் எழுதி வெட்டினேன். வெட்டியது தெரிகிறதென்று இந்தத் தாளையே மாற்றி எழுதுகிறேன்.

இருபத்தைந்தாம் திகதி திரும்புவதாக இருந்ததை ஒரு கிழமை தள்ளித் திருப்பதியும் பார்த்து வரலாம் என்று அவர் சொல்வதாகவும், நான் ஓம் என்றால் நிற்பீர்கள் என்றும் கேட்டிருக்கிறீர். நில்லுங்கள். பள்ளிக்கூடம் தொடங்க இன்னும் நாள் இருக்கிறது. வீட்டுச் சமையலென்றால் செலவும் தாங்கும். மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு இதை எழுதவில்லை. வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன், ஆனாலும் நில்லுங்கள்.

நான் தனியே கொழும்புக்கு அப்பால் போனவனல்ல. எத்தனையோ கரைகளை மையில் வரைந்திருக்கிறேன், ஒன்றையும் தாண்டியதில்லை. தலைமன்னாரில் கப்பலேற வரிசையில் நிற்பதை நினைத்தாலே இப்போது மெய்யாகவே தலை சுற்றுகிறது. ஆனாலும் பாஸ்போட்டை எடுத்துச் சட்டைப் பையில் வைத்திருக்கிறேன். நீர் அங்கே இத்தனை சந்தோஷமாக இருக்கும்போது நான் வந்து நின்றால் உமக்குச் சிரிப்பு நின்றுபோகுமோ என்பதுதான் என் யோசனை. அப்படியென்றால் நான் இங்கேயே இருக்கிறேன். மாட்டைப் பார்க்கவும் ஆள் வேண்டும்.

பிள்ளைகளுக்கும் பேரப்பிள்ளைகளுக்கும் என் ஆசி. மச்சாளைச் சுகம் விசாரித்தேன் என்று சொல்லும். கனகலிங்கத்துக்கும் சொல்லும். சிதம்பரத்தில் எனக்காக ஒன்றும் நேர வேண்டாம். உமக்காக ஒரு நெய்விளக்கு ஏற்றும்.

இதுவரையும் நீர் கேட்பதும் நான் ஓம் சொல்வதுமாகவே நம்முடைய காலம் போய்விட்டது. இன்றைக்கு நான் உம்மிடம் கேட்கிறேன். கடிதம் சுணங்கும், ஒரு தந்தி அடித்தால் போதும்.

நான் வரலாமோ, ஞானம்?

என்றும் உம்முடைய,
க. நமசிவாயம்